துவக்குக்காக ஒரு பஸ் பிடித்த கதை

மொன்றியல் தமிழரிடம் "ஒட்டாவாவில் ஊர்வலம்" என்று சொல்லிப் பாருங்கள். எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். "பஸ் எத்தினை மணிக்கு?" என்றுதான் கேட்பார்கள். அடுத்த கேள்வி, "சாப்பாடு ஆர்?" இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் பஸ் நிறைந்துவிடும். பனியிலும் மழையிலும் நின்று பழகி, பாராளுமன்றப் புல்வெளியில் எந்த மூலையில் காற்றுக் குறைவு என்பதுவரை எங்கள் சனத்துக்கு அத்துப்படி.

இது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்திருந்தால் மானத்தோடு வாழ்ந்திருப்பேன்.

என்னிடம் ஒரு துவக்கு இருக்கிறது. (துப்பாக்கிதான். பதறாதேங்கோ, முழுக்கக் கேளுங்கோ.) சட்டப்படி வாங்கியது. அதற்காக வகுப்புக்குப் போனேன், பரீட்சை எழுதினேன், என்னைத் தெரிந்த இரண்டு பேரைச் சாட்சிக்குப் பிடித்தேன். மனைவி சுமதியிடமும் விசாரித்தார்கள். உங்கள் கணவர் கோபக்காரரா என்று கேட்டதற்கு அவள், "கோபம் வரும், ஆனா கதிரையால எழும்பச் சோம்பல்" என்று பிரெஞ்சில் விளக்கினாளாம். அனுமதிப்பத்திரம் வந்துவிட்டது.

இந்தப் பழக்கத்தைத் தொடக்கிவைத்தவன் ழில். புவாண்ட்-கிளேரில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் என் கூட்டாளி. கியூபெக் காட்டுப்பக்கத்தில் பிறந்தவன். ஒரு சனிக்கிழமை என்னைத் தன் சுடும் கழகத்துக்கு அழைத்துப்போனான். நான் சுட்ட முதல் குண்டு இலக்கில் பட்டது. பக்கத்து ஆளின் இலக்கில். ஆனாலும் விடவில்லை. இரண்டு வருடத்தில் கழகத்தின் சுவரில் என் படம் தொங்கியது. நான் இதுவரை கொன்றது கடதாசியை மட்டும்தான். வீட்டில் பல்லி அடிப்பதற்கும் சுமதியைத்தான் கூப்பிடுவேன். (மொன்றியலில் பல்லி ஏது என்று கேட்காதேங்கோ. ஒருக்கா வாழைப்பழப் பெட்டியோட வந்தது.)

பிறகு சட்டம் மாறியது. அரசாங்கம் தடைசெய்த துவக்குகளின் வரிசையில் என்னுடையதும் விழுந்தது. அதைக் கழகத்துக்குக் கொண்டுபோக முடியாது, விற்க முடியாது, ஒருவருக்கும் கொடுக்கவும் முடியாது. நிலக்கீழ் அறையின் இரும்பு அலுமாரியில் பூட்டிவைத்து, அரசாங்கம் வந்து வாங்கும்வரை காவல் இருக்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெயரைப் பொலிஸ் கணினி ஒவ்வொரு நாளும் தட்டிப் பார்க்கிறது. துவக்கு ஓர் இடத்தில், குண்டு வேறோர் இடத்தில், இரண்டுக்கும் வேறுவேறு பூட்டு. தெருவில் சுடுகிறவன் என்ன, வகுப்புக்குப் போய், சாட்சிக்கு ஆள் பிடித்து, மனைவியின் சம்மதத்தோடா சுடுகிறான்? அவனுடையது எல்லை தாண்டிக் களவாக வந்த கைத்துவக்கு. அவனைப் பிடிப்பது கஷ்டம். என்னைப் பிடிப்பது சுகம், விலாசம் கொடுத்து வைத்திருக்கிறேன் அல்லவா? இந்த வாதத்தை நான் இன்றும் எந்த மேடையிலும் சொல்வேன். மேடைதான் தருகிறார்கள் இல்லை.

கழகம் ஒட்டாவாவில் ஊர்வலம் நடத்த முடிவெடுத்தது. அதற்கான கூட்டத்தில் ழில் கவலைப்பட்டான். "போன முறை தொலைக்காட்சியில் எங்களைப் பார்த்தீர்களா? எல்லோரும் தாடி, எல்லோரும் கட்டம் போட்ட சட்டை. ஒரே ஆளை நூறு தரம் காட்டியதுபோல இருந்தது."

நான் எழுந்தேன். "ஒரு பஸ் நிறைய ஆட்களை நான் கொண்டுவருகிறேன். ஊர்வலம் எங்களுக்குக் கைவந்த கலை" என்றேன்.

மண்டபம் கைதட்டியது. ஆட்களைக் கொண்டுவந்தால் மேடையில் ஐந்து நிமிடம் எனக்கு என்று ழில் வாக்குக் கொடுத்தான். அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன். பாராளுமன்றத்தின் முன்னால், கமெராக்களின் முன்னால், ஒரு யாழ்ப்பாணத்தான் எழும்பி நின்று, நாங்களும் இந்த நாட்டின் சட்டத்தைக் கேள்வி கேட்கிற ஆட்கள்தான் என்று சொல்ல வேண்டும். இரும்பு அலுமாரியின் முன்னால் நின்று நின்று பேசிப் பழகினேன்.

ஆள் சேர்க்கும் பொறுப்பைப் பசுபதி மாமாவிடம் கொடுத்தேன். சுமதியின் தாய்மாமன், லொங்குய்யில் இருக்கிறார். சொந்தமாகக் கைஒலிபெருக்கி வைத்திருப்பவர். அவருக்கு நான் தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினேன். அனுமதிப்பத்திரம், தடை, அரசாங்கம் திரும்ப வாங்குவது, எல்லாம். "ஓம்... ஓம்... ஓமோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆக, தம்பி, இது உரிமைப் பிரச்சினை."

"ஓம் மாமா."

"அப்ப பஸ்ஸை நான் பாக்கிறன்."

அன்று பின்னேரம் எல்லாருடைய கைபேசியிலும் செய்தி வந்து விழுந்தது. "உரிமைக்கான மாபெரும் ஊர்வலம். ஒட்டாவா. சனிக்கிழமை. பஸ் உண்டு. மரியாக்காவின் ரோல்ஸ் உண்டு." துவக்கு என்ற சொல் அதில் இல்லை.

"உவையளுக்கு விளங்கியிருக்கோ?" என்று சுமதி கேட்டாள்.

"மாமாவுக்கு வடிவா விளக்கிப்போட்டன்."

"மாமாவுக்கு விளக்கினது விளக்கினதில சேராது" என்றாள்.

நான் சிரித்தேன்.

சனிக்கிழமை பஸ் நிறைந்து வழிந்தது. முன் இருக்கையில் மரியாக்கா. மன்னார்ப் பக்கம், வெள்ளைத் தலை, தேவாலய மண்டபத்துச் சமையலறை அவருடைய ஆட்சி. மடியில் ரோல்ஸ் தட்டு, காலடியில் தேத்தண்ணிப் போத்தல்கள். பின்னால் ஒரே பாட்டும் பகிடியும். ஒருவராவது எதற்குப் போகிறோம் என்று கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன். மரியாக்கா மட்டும் திரும்பி, "தம்பி, அங்க வோஷ்ரூம் கிட்டவோ?" என்றார்.

இறங்கியதும் மாமாதான் முதலில் நின்றார். "இதென்ன தம்பி, எல்லா அட்டையிலயும் துவக்குப் படம்?"

"அதுதான் மாமா, அண்டைக்கு அவ்வளவு நேரம் சொன்னனான்."

அவர் கழகத்தார் தூக்கியிருந்த அட்டைகளைப் பார்த்தார், தாடிகளைப் பார்த்தார், பிறகு பஸ்ஸைப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

"சரி, வந்தாச்சு. சும்மா நிண்டா விறைச்சுப் போடும்" என்று ஒலிபெருக்கியைத் தூக்கினார். "வட் டு வீ வோண்ட்?"

"ஜஸ்டிஸ்!" என்று எங்கள் சனம் ஒரே குரலில் இடித்தது.

"வென் டு வீ வோண்ட் இட்?"

"நவ்!"

அதுவரை காற்சட்டைப்பையில் கைவிட்டபடி வானிலை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த துவக்குக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மூன்றாம் தரம் அவர்களும் சேர்ந்தார்கள். ஐந்தாம் தரம் பாராளுமன்றப் படிகள் அதிர்ந்தன. தொலைக்காட்சிக் கமெரா எங்கள் பக்கம் ஓடிவந்தது. ழில் என்னைக் கட்டிப்பிடித்து, "குகன், நீ எங்கே இவ்வளவு நாளும் ஒளித்திருந்தாய்?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. வாழ்க்கையில் நான் அவ்வளவு உயரத்தில் நின்றதில்லை. நின்றது அரை மணித்தியாலம்.

என் முறை வந்தது. மேடையில் ஏறினேன். அப்போது ழில், "முதலில் அந்த முன்வரிசை அம்மா இரண்டு வார்த்தை சொல்லட்டும். அவருடைய குரல்தான் எல்லாவற்றிலும் பெரியது. நீ மொழிபெயர்" என்று மரியாக்காவைக் காட்டினான். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. ரோல்ஸ் தட்டைப் பக்கத்தில் நின்ற ஒரு தாடிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு மரியாக்கா ஏறினார். ஒலிவாங்கியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத் தமிழில் தொடங்கினார்.

"பிள்ளையள், எங்கட ஊரில துவக்கு வந்தாப்பிறகு, கதவில தட்டிக் கேட்டா ஒருத்தரும் எழும்பிப் போய்த் திறக்கிறேல்லை. தட்டினது பெத்த பிள்ளையா இருந்தாலும் திறக்கிறேல்லை. நீங்கள் இவ்வளவு பேரும் உங்கட துவக்குகளை அரசாங்கத்திட்டத் திருப்பிக் குடுக்க எண்டு இந்தக் குளிருக்க வந்து நிக்கிறியள். என்ன பெரிய மனசு! குடுத்திட்டு வீட்டை போய் நிம்மதியா நித்திரை கொள்ளுங்கோ. ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார்."

நான் ஒலிவாங்கியை வாங்கினேன். முன்னால் கட்டம் போட்ட சட்டைகள் கடலாக நின்றன. எல்லா முகமும் என் வாயைப் பார்த்தது. கமெராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

நான் பிரெஞ்சில் சொன்னேன். "இந்த அம்மா சொல்கிறார், உரிமை இல்லாத ஊரில் மனிதருக்கு நித்திரை இல்லையாம். உங்களைப் பார்க்கப் பெருமையாக இருக்கிறதாம். உங்கள் துவக்குகளோடு நிம்மதியாக உறங்குங்கள் என்று ஆசீர்வதிக்கிறார்."

கைதட்டல் வானைப் பிளந்தது. மரியாக்கா இரண்டு கையையும் கூப்பினார். தப்பிவிட்டேன் என்று மூச்சு விட்டேன்.

சுமதி புரோசார்டில் ஒரு கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளைகள் பார்க்கிறவள். நான்கு வயதுப் பிள்ளை, தான் தள்ளவில்லை என்று பொய் சொன்னால், உண்மை வரும்வரை அந்தப் பிள்ளையின் பக்கத்தில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருப்பவள். அவள் மேடைப்படியில் ஏறி வருவதை நான் கண்டேன். அதே சிரிப்பு. என் கையிலிருந்து ஒலிவாங்கியை மெல்ல எடுத்தாள்.

"மன்னிக்கவும். என் கணவர் முழுக்கச் சொல்லவில்லை" என்று பிரெஞ்சில் ஆரம்பித்து, மரியாக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னாள். கதவு, பெற்ற பிள்ளை, திருப்பிக் கொடுப்பது, நித்திரை. அவளுடைய பிரெஞ்சு என்னுடையதைவிடத் திறம் என்பதை அன்று முழு நாடும் அறிந்துகொண்டது.

ரோல்ஸ் தட்டு வைத்திருந்த தாடிக்காரன் ஒன்றைக் கடித்திருந்தான், விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் நின்றான். பின்னால் யாரோ ஊளையிட்டான். "இவர்கள் யாருடைய பக்கம்?" என்று ஒருவன் கேட்டான். ழில் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

ஊர்வலத்தில் கோஷம் நின்றால் பசுபதி மாமாவுக்கு ஆகாது. ஒலிபெருக்கியைத் தூக்கினார். "வட் டு வீ வோண்ட்?"

"ஜஸ்டிஸ்!" என்றது எங்கள் சனம் மட்டும்.

என் ஐந்து நிமிடம் அத்தோடு சரி. ழில் நன்றி சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டான். (ரோல்ஸ் மட்டும் ஒன்றும் மிஞ்சேல்லை. அதையும் சொல்லத்தானே வேணும்.)

பின்னேரச் செய்தியில் என் முகம் வந்தது. துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லும் துவக்குச் சொந்தக்காரர் என்று கீழே எழுத்து ஓடியது. துவக்குகளுக்கு எதிரான ஒரு சங்கத்தார் தங்கள் கூட்டத்தில் பேச வரும்படி என்னை அழைத்தார்கள். நான் கோபத்தோடு மறுத்தேன். பண்டகசாலையில் ழில் ஒரு மாதம் என்னோடு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. தமிழருக்குள்ளே "குகன் துவக்கைக் குடுத்திட்டாராம்" என்று பரவி, ஒரு விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். "நான் ஒண்டும் குடுக்கேல்லை" என்று சொல்ல வாயெடுத்தேன். "தன்னடக்கம்!" என்று மாமா ஒலிவாங்கியைப் பறித்துக்கொண்டார்.

மரியாக்கா என்னை எங்கே கண்டாலும், "தம்பி, இப்ப நல்லா நித்திரை வருதோ?" என்று கேட்பார். நானும் "ஓம் அக்கா" என்பேன். துவக்கு அலுமாரியில் அப்படியே இருந்தது. போன மாரியில் தேவாலய மண்டபத்தில் வைத்து எனக்குப் பொறுக்க முடியாமல் போய்விட்டது.

"அக்கா, நான் அதைக் குடுக்கேல்லை. அண்டைக்கு ஒருத்தரும் குடுக்க வரேல்லை. குடுக்க மாட்டம் எண்டு சொல்லத்தான் வந்தனாங்கள்."

மரியாக்கா ரோல்ஸ் பொரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும், தம்பி. பஸ்ஸால இறங்கேக்கையே அட்டையெல்லாம் வாசிச்சுப்போட்டன். முப்பது வருசமா இஞ்ச இருக்கிறன்."

"அப்ப ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"குடுங்கோ எண்டு சொன்னா என்னைக் கீழ இறக்கிப்போடுவினம். குடுக்க வந்திட்டியள் எண்டு சொன்னா, வெக்கத்துக்காவது பேசாம நிப்பினம். அதுக்குள்ள சொல்ல வந்ததைச் சொல்லிப்போடலாம். அவையும் நல்லாத்தானே கைதட்டினவை?"

"அது நான் மாத்திச் சொன்னபடியால தட்டினது, அக்கா."

"அதுவும் தெரியும். உம்மட பிரெஞ்சு எனக்கு விளங்கும்" என்று வயிறு குலுங்கச் சிரித்தார். "மேடையில நிண்ட எங்கட மூண்டு பேரில ரெண்டு பேர் கள்ளர், தம்பி."

சட்டம் பிழை என்றுதான் இன்றும் சொல்வேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அந்தக் கதவு பற்றி மரியாக்கா சொன்னதை மட்டும் மறுக்க மாட்டேன். எனக்கும் அந்த ஊர் தெரியும்.

போன மாதம் என் ஐம்பதாவது பிறந்தநாள். ழில்லும் வந்திருந்தான், எப்போதோ மனம் ஆறிவிட்டான். கேக் வெட்டியபின் நன்றி சொல்ல ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். "எல்லாருக்கும்" என்பதுவரைதான் வந்தது. "சுமதியிட்டக் குடு! சுமதியிட்டக் குடு!" என்று மண்டபம் முழுக்கக் கத்தியது. ழில்லுக்குத் தமிழில் தெரிந்த சொற்கள் அந்த இரண்டும்தான். எல்லோரிலும் பெரிய சத்தம் அவனுடையது.