யாருக்கும் சொல்லாதீங்க

'பீப்... பீப்... பீப்... பீப்...'

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மெஷின் திடீரென்று அலறியது. லிஃப்ட் மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு வராந்தாவுக்கு ஓடினான்.

"சிஸ்டர்! சிஸ்டர்! நின்னுபோச்சு!"

"என்ன நின்னுபோச்சு?" நர்ஸ் நிதானமாக வந்தாள். அவன் மனைவியின் வயிற்றைச் சுற்றியிருந்த பெல்ட்டைக் கொஞ்சம் நகர்த்தினாள். குதிரை ஓடுகிற மாதிரி குழந்தையின் இதயத் துடிப்பு மறுபடி கேட்டது. "அவங்க திரும்பிப் படுத்தாங்க, பெல்ட் நழுவிடுச்சு. அவ்வளவுதான். சார், நீங்க முதல்ல உக்காருங்க. பேஷன்ட் யாருன்னு எனக்கே சந்தேகம் வருது."

குறித்த தேதி தாண்டி ஒரு வாரமாகியும் குழந்தை வெளியே வருகிற யோசனையில் இல்லை. 'இனி காத்திருக்க வேண்டாம், மருந்து வைத்து வலியை வரவழைத்துவிடலாம்' என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காலையில் வந்து சேர்ந்தார்கள். மருந்து வைத்தாயிற்று. அவன் அரை நாள் லீவு போட்டிருந்தான்.

"அரை நாளா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "இது பட்டனை அழுத்தினா வந்து நிக்கிற லிஃப்ட் இல்லப்பா. முதல்ல கர்ப்பவாய் இளகணும். அதுக்குத்தான் இந்த மருந்து. சிலருக்கு ஒரு தடவை போதும், சிலருக்கு மறுபடி வைக்கணும். அப்புறம் வலி வரணும். வரலைன்னா டிரிப்ஸ் ஏத்தணும். எதுக்கும் அசையலைன்னா ஆபரேஷன். ரெண்டு நாள்கூட ஆகலாம். அதுவரைக்கும் நடக்கணும், சாப்பிடணும், சிரிச்சுப் பேசணும். பயப்பட மட்டும் கூடாது."

"நான் பயப்படலை டாக்டர்," என்றாள் மனைவி.

"உன்னைச் சொல்லலைம்மா."

டாக்டரம்மா போனதும் அவள் அவன் கையைப் பிடித்தாள். டம்ளர் தண்ணீர் சட்டையில் சிந்தியது. அவன் சட்டையில்தான்.

"என்னங்க, இந்தத் தடவை யாருக்கும் சொல்லக் கூடாது. குழந்தை கையில வந்தப்புறம்தான் சொல்லணும். சத்தியம் பண்ணுங்க."

காரணம் இருந்தது. பதினைந்து நாளைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவளுக்கு வலி வந்தது. அவன் ஒரே ஒருத்தருக்குத்தான் போன் செய்தான். அரை மணியில் அவர்கள் முன்பு குடியிருந்த பழைய வீட்டில் இருந்த அத்தனை பேரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு, 'வாயு' என்று ஒரே வார்த்தையில் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பினார். தேர்தலில் டெபாசிட் போன வேட்பாளர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு அவள் அத்தனை பேருக்கும் நடுவில் படியிறங்கினாள். இன்னொரு தடவை அது தாங்காது.

"சத்தியமா யாருக்கும் சொல்லலை," என்றான். சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. லீவு கேட்டபோது சூப்பர்வைசரிடம் காரணத்தைச் சொல்லித் தொலைத்திருந்தான். சூப்பர்வைசரின் மனைவிக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவர் பழைய வீட்டு டெய்லர் அக்கா.

"கீழ கடையில ஒரு சோப்பு, சீப்பு, துண்டு வாங்கிட்டு வாங்களேன்," என்றாள் மனைவி. "அவசரமில்ல. நிதானமா வாங்க."

அவன் போனான். வழியில் மூன்று தடவை திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பழைய வீடு மூன்று மாடிக் கட்டடம். ஒரு லிஃப்ட் மெக்கானிக் குடியிருந்த வீட்டில் லிஃப்ட் கிடையாது என்பதை அந்தத் தெருவே சொல்லிச் சிரிக்கும். கல்யாணமான புதிதில் மனைவி தண்ணீர்க் குடத்தோடு ஏறுவாள்; ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தர் கதவைத் திறந்து ஒரு வார்த்தை பேசுவார். மேலே வந்து சேரும்போது குடத்தில் தண்ணீர் குறைந்திருக்கும், ஊர்ச் சேதி நிறைந்திருக்கும். அவர்கள் போட்ட முதல் சண்டைக்கு இரண்டாவது மாடியிலிருந்து தீர்ப்பு வந்தது. மாசமானதும், படி ஏற வேண்டாம் என்று புது அடுக்குமாடிக்கு மாறினார்கள். அங்கே பளபளவென்று லிஃப்ட் இருந்தது. அதில் ஏறுகிறவர்கள் எல்லாரும் எண்களையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு உதவி என்று வரவேண்டிய மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன், பயணம் கூடாது. ஆக, அவனும் அவளும்தான்.

சாயங்காலம் வரை ஒன்றும் நடக்கவில்லை. டீ குடிக்கக் கீழே இறங்கினான். ஹாலில் பெரிய பிளாஸ்க்கோடு டெய்லர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"அக்கா! உங்களுக்கு யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. காத்துல வந்துச்சு. நீ சாப்பிட்டியா தம்பி?"

"சூப்பர்வைசர் வீட்டம்மாவா?"

"ஜாக்கெட் கொடுக்க வர்ற எல்லாரும் ஏதாவது சொல்லத்தான் செய்யறாங்க. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கு? தூங்கினியா?"

"அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா. பதட்டப்படக் கூடாதுன்னு டாக்டர் வேற சொல்லியிருக்காங்க. நீங்க கேன்டீன்ல போய் உக்காருங்க. மாடிப்பக்கம் வந்துடாதீங்க."

அக்காவைக் கேன்டீன் மூலையில் உட்கார வைத்தான். பரவியது பரவிவிட்டது, மேற்கொண்டு பரவாமல் தடுப்போம் என்று பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டான்.

"ஐயா, யாராவது ஏதாவது சொன்னா நம்பாதீங்க. வலியே வரலை. ஒண்ணும் நடக்கலை. நீங்க வரவே வேண்டாம்."

"வலி வரலையா?" வீட்டுக்காரருக்குக் காது மந்தம், குரல் மந்தமில்லை. முப்பது வருஷமாகத் தினமும் விடியற்காலையில் 'மோட்டார் போட்டாச்ச்ச்சு!' என்று மூன்று மாடிக்கும் அறிவித்த குரல். "ஐயையோ! இதோ வர்றேன்!"

வந்தார். தனியாக வரவில்லை. கும்பகர்ணனையும் கூட்டிவந்தார். கும்பகர்ணன் கல்யாணத்துக்கு முன் அவனுடைய அறைத் தோழன், இப்போது அதே பழைய வீட்டில் குடியிருப்பவன். அச்சகத்தில் நைட் ஷிப்ட் பார்த்துப் பார்த்து, கிடைக்கிற இடத்தில் எல்லாம் தூங்குகிற வரம் பெற்றவன்.

"மாப்ள, நீ நல்லாத்தானே இருக்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கேன்டீன் பெஞ்சில் படுத்தான்.

மனைவி தூங்கிய நேரம் பார்த்து அவன் கீழே வந்து அவர்களோடு உட்கார்ந்தான். விரட்டுவதற்காகத்தான் வந்தான். ஆனால் டெய்லர் அக்கா டீயை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க குடிவந்த அன்னிக்குக் கரண்டு போச்சே, ஞாபகம் இருக்கா தம்பி? எல்லாரும் மொட்டை மாடியில போய்ப் படுத்தோமே?"

"புது மாப்பிள்ளை, புதுப் பொண்ணு, நடுவுல இவரு," என்று அவன் வீட்டுக்காரரைக் காட்டினான்.

"காத்து அங்கதான் வந்துச்சு!" என்றார் வீட்டுக்காரர். "நீ அன்னிக்கு நட்சத்திரம் காட்டுறேன்னு விமானத்தைக் காட்டினே. அந்தப் பொண்ணு பாவம், அது பறந்து போற வரைக்கும் நம்பிச்சு!"

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அவன் வயிறு குலுங்கச் சிரித்தான். அவன் கையில் இருந்த டீயில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. காலையிலிருந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை இரண்டாவது முறை மருந்து வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் வலி லேசாக எட்டிப் பார்த்தது. "நல்லது. வராந்தாவுல நடங்க," என்றாள் நர்ஸ்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவன் கூடவே நடந்தான். வராந்தா திரும்பியதும் அங்கே, பெஞ்சில் மல்லாந்து கும்பகர்ணன்! கேன்டீனில் இடம் போதவில்லை என்று மேலே வந்திருக்கிறான். மெக்கானிக் பாய்ந்து போய், பக்கத்து ட்ராலியில் இருந்த வெள்ளைப் போர்வையை உருவி, தலையோடு கால் மூடினான்.

எதிரே வந்த ஒரு ஆள் அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். போர்வைக்குள்ளிருந்து குறட்டை வந்தது. அவர் செருப்பை விட்டுவிட்டே ஓடினார்.

"பாவம், யாரோ," என்றாள் மனைவி. "குறட்டை பழகின குறட்டை மாதிரி இருக்கு."

"எல்லார் குறட்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். நீ நட."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வலி என்று அவன் நினைத்தான்.

லிஃப்ட் பக்கம் வந்தார்கள். அப்போது கீழே, லிஃப்ட் குழிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பி மேலே வந்துகொண்டிருந்தது.

"எத்தனை நேரம் கேன்டீன்லயே உக்கார்றது? ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடலாம்!"

அந்தக் குரலை அடையாளம் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. இன்னும் ஒரு மாடி. கதவு திறந்தால் சத்தியம் காற்றில் போகும். அவள் பதறுவாள், வந்த வலியும் திரும்பிப் போகும், அப்புறம் ஆபரேஷன்தான். அவன் யோசிக்கவில்லை. கை யோசித்தது. லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த சின்னக் கதவைத் தன் மெக்கானிக் சாவியால் திறந்து, உள்ளே இருந்த ஸ்விட்சை இறக்கினான்.

'டங்' என்றது. லிஃப்ட் இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றது.

"என்ன சத்தம்?" என்றாள் மனைவி.

"பழைய லிஃப்ட். இப்படித்தான் அப்பப்ப நிக்கும். ஆபத்து ஒண்ணும் இல்ல."

"என்னங்க..." அவள் சுவரைப் பிடித்தாள். "பனிக்குடம் உடைஞ்சிடுச்சு."

நர்ஸ் ஓடிவந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். "ரொம்ப நல்லது. வேகமா போகுது. டாக்டரம்மாவைக் கூப்பிடறேன்." போனில் பேசினாள். பேசப் பேச முகம் மாறியது. "டாக்டரம்மா லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்களாம்! யாரோ ரெண்டு பேரோட!"

அவன் ஸ்விட்சை ஏற்றினான். லிஃப்ட் அசையவில்லை. மறுபடி இறக்கி ஏற்றினான். ம்ஹூம். பழைய மாடல், நடுவில் நின்றால் மொட்டை மாடியில் இருக்கிற மெஷின் அறைக்குப் போய்த்தான் கிளப்ப வேண்டும். படிகளில் பறந்தான். மெஷின் அறை பூட்டியிருந்தது. சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் எங்கே என்றால், லிஃப்ட் நின்றுபோனதால் லிஃப்ட் மெக்கானிக்கைத் தேடித் தெருவுக்குப் போயிருக்கிறார்.

திரும்பி ஓடிவந்தான். வெளிக் கதவை நெம்பித் திறந்தான். லிஃப்டின் கூரை அவன் முழங்கால் உயரத்தில் இருந்தது. கீழே, கிடைத்த இடைவெளியில் மூன்று முகங்கள்.

"...என் மூத்தவனுக்கும் இப்படித்தான் டாக்டர், பனிக்குடம் முதல்ல உடைஞ்சிடுச்சு," என்று டெய்லர் அக்கா சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதை அப்புறம் கேக்கறேன்மா. என்னைத் தூக்கி விடுங்க!" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் குனிந்தார். டாக்டரம்மா அவர் முதுகில் ஏறினார். டெய்லர் அக்கா பின்னாலிருந்து தள்ளினார். அவன் மேலேயிருந்து இழுத்தான். டாக்டரம்மா வெளியே விழாத குறையாக வந்து, செருப்பில்லாமல் பிரசவ அறைக்கு ஓடினார். அடுத்து டெய்லர் அக்கா. கடைசியில், இடுப்பைப் பிடித்தபடி வீட்டுக்காரர்.

பிரசவ அறை வாசலில் நின்றிருந்த ட்ராலியில் படுத்தபடி மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஐயா," அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள், "மோட்டார் போட்டாச்சா?"

"போட்டாச்ச்ச்சும்மா!" ஆஸ்பத்திரியே அதிர்ந்தது. அவள் சிரித்தாள். சிரிப்போடு அடுத்த வலி வந்தது. நர்ஸ் ட்ராலியை உள்ளே தள்ளினாள்.

அவனையும் உள்ளே விட்டார்கள். அவள் அவன் விரல்களை நெரித்தாள். "மன்னிச்சிடு, சூப்பர்வைசர்கிட்ட மட்டும்தான்..." என்று அவன் ஆரம்பித்தான். "இப்ப பேசினீங்கன்னா கொன்னுடுவேன்," என்றாள் அவள். அதற்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவில்லை. மகள்தான் திறந்தாள். வீட்டுக்காரருக்குப் போட்டியான குரல்.

துணியில் சுற்றிய மகளை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தான். டெய்லர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். வீட்டுக்காரர் முதல் தடவையாக மெதுவாகப் பேச முயன்று, முடியாமல் குழந்தையின் பாதத்தைத் தொட்டார். மூன்று மாடியும் ஒரே வராந்தாவில் வந்து நிற்பதுபோல அவனுக்கு இருந்தது.

"அக்கா, என் ஓட்டை வாயால உங்களுக்கெல்லாம் எவ்வளவு அலைச்சல்! அவகிட்ட எப்படித்தான் சமாதானம் சொல்லப்போறேனோ," என்றான்.

டெய்லர் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

பெஞ்சில் வெள்ளைப் போர்வை அசைந்தது. கும்பகர்ணன் எழுந்து உட்கார்ந்தான். குழந்தையைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டான்.

"அடடே, பொறந்தாச்சா? ஏன் மாப்ள, 'யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன், ஆனா அவர் தனியா இருந்தா பயந்தே செத்துடுவார், எல்லாரும் வந்து கூட இருங்க, நான் கூப்பிட்டேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க'ன்னு நேத்துக் காலையில தங்கச்சி போன் பண்ணுச்சே... இப்ப சொல்லலாமா?"