கால் ஸ்டூல் உறையைத் தைத்தது யார் என்பது பற்றி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி.
12.11.2006, ஞாயிறு.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி திரு. இராமதாஸ் அவர்களின் சமூகத்திற்கு, பாவாடை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி மணியம்மாளும் சுகம். அங்கே மூலக்குளத்தில் சம்பந்தி அம்மாளின் வலது காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம் என்று எங்கள் மகள் அமுதவல்லி சொன்னாள். அந்த வலது கால் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தங்கள் வீட்டுப் போன் சம்பந்தி அம்மாளின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தங்கள் செல்போன் அடித்தாலும் அதையும் அவர்கள்தான் எடுக்கிறார்கள். ஆகவே இதைத் தாங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டுகிறேன்.

விஷயம் இதுதான். சம்பந்தி அம்மாள் கால் வைப்பதற்காக நம் அமுதவல்லி தன் கையால் பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்துக் கொடுத்த அந்த வட்ட ஸ்டூல் உறையை, அமுதவல்லி தைக்கவில்லை. நான் தைத்தேன். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்றால், போன தை மாதம் தாங்கள் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. எங்கள் சோபா பழசு, பார்க்க நன்றாக இருக்காது என்று மணியம்மாள் எதிர் வீட்டு மதாம் சூசானிடம் இரண்டு குஷன்களை இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். சம்பந்தி அம்மாள் அதில் ஒன்றை எடுத்து மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, “இவ்ளோ நேர்த்தியா இருக்குதே, இது யாரு போட்டது?” என்று கேட்டார்கள். எதிர் வீட்டு அம்மா போட்டது என்று சொல்லத்தான் மணியம்மாள் வாயைத் திறந்தாள். வாய் என்ன சொன்னது தெரியுமா? “எல்லாம் நம்ம அமுதாதான். சும்மா இருக்கவே மாட்டா, இப்பிடி எதனா போட்டுக்கினே இருப்பா.” காப்பித் தட்டோடு வந்த அமுதவல்லி அப்படியே நின்றுவிட்டாள். அவள் வெட்கப்படுகிறாள் என்று தாங்கள் எல்லோரும் நினைத்தீர்கள். அப்போதே நான் குறுக்கே புகுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் கேசரி இருந்தது. விழுங்கி முடிப்பதற்குள் தாங்கள் நாள் குறிப்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பொய்யும் அதோடு போயிற்று என்று இருந்தோம். அதற்குள் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்தது, சம்பந்தி அம்மாளையும் ஒரு வாரம் படுக்கப் போட்டது, காய்ச்சல் போயும் கணுக்கால் வீக்கம் போகவில்லை, உட்காரும்போது காலைத் தூக்கி வைத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார், மாப்பிள்ளை அருள்முருகன் வட்டமாக ஒரு மர ஸ்டூல் வாங்கி வந்தார், அது குதிகாலில் குத்துகிறது என்று சம்பந்தி அம்மாள் மருமகளைக் கூப்பிட்டார்கள். அன்று மத்தியானமே அமுதவல்லியிடமிருந்து போன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. “அப்பா, வசமா மாட்டிக்கினேன். அந்தக் குஷன் மாதிரியே ஸ்டூலுக்கு ஒரு உறை போடச் சொல்றாங்க அத்த. எனக்கு பட்டன் தைக்கவே தெரியாதுப்பா.” மணியம்மாள் இதைக் கேட்டதும் தரையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தே என்னை நிமிர்ந்து பார்த்து, “ரிட்டயர்டு ஆயி சும்மாதான குந்திக்கினு இருக்கறீங்க” என்றாள். அவளுக்குக் கை நடுக்கம். ஊசியில் நூல் கோக்க வராது. இப்படியாக வேலை என் தலையில் விழுந்தது.

மதாம் சூசானிடம் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால், குஷன் விஷயத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டேன். அந்த அம்மா கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அப்போ என் குஷனக் காட்டி பொண்ணக் கட்டிக் குடுத்துட்டீங்க?” என்றார். அவர் சிரித்த சிரிப்பில் கூண்டுக் கிளி கத்த ஆரம்பித்தது. பிறகு சொன்னார்: “என்னால ஊசி புடிக்க முடியாது. வாயால சொல்றேன், கையால நீங்க செய்யுங்க. ஆனா தபுரே முடிஞ்சதும் அவங்க வூட்டுக்கு உண்மைய எழுதிடணும்.” தபுரே என்றால் பிரெஞ்சில் ஸ்டூலாம். சரி என்றேன். மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

முதலில் அளவு வேண்டுமே. அமுதவல்லி போனில், “ரெண்டு சாண்ல நாலு விரல் கம்மி” என்றாள். முப்பத்து நாலு வருஷம் இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் லேத் மெஷினில் நின்ற டர்னரிடம் சாண் கணக்குச் சொன்னால் எப்படி? அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைப்பழச் சீப்போடு தங்கள் வீட்டுக்கு வந்தேன். தங்களுக்கு நினைவிருக்கும், தாங்கள் உள்ளே போய்த் திரும்பி வந்தபோது நான் தரையில் உட்கார்ந்து ஸ்டூலைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். “சம்பந்தி அண்ணன் எதுக்கு ஸ்டூலக் கட்டிப் புடிச்சிக்கினு இருக்காரு?” என்று சம்பந்தி அம்மாள் கேட்டார்கள். தலை சுற்றுகிறது என்று சொன்னேன். சம்பந்தி, எனக்குத் தலை சுற்றவில்லை. சட்டைக்குள் அளவெடுக்கிற பெரிய காலிப்பர் வைத்திருந்தேன். குறுக்களவு முந்நூற்று எண்பத்திரண்டரை மில்லிமீட்டர். எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து ஆட்டோ பிடித்து அனுப்பிவைத்தீர்கள். அதற்கு இப்போது நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

மெரூன் துணியிலும் சந்தனக் கலர் துணியிலும் நாலு நாலு முக்கோணம் வெட்டி, எட்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்து வட்டமாக்க வேண்டும் என்று மதாம் சொன்னார். தகரத்தில் அச்சு வெட்டி, டிவைடரால் கோடு போட்டு, நாற்பத்தைந்து டிகிரி பிசகாமல் வெட்டினேன். தைத்த பிறகு பார்த்தால் அது தட்டையாகப் படுக்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு தையலும் ஓரத்துப் பக்கம் ஒரு நூல் அளவு கூடுதலாகத் துணியைப் பிடித்துவிட்டதால், எட்டும் சேர்ந்து நடுவில் கூம்பாக எழுந்து நின்றது. மதாம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மெசியே, இது தபுரேக்கு ஆவாது, பிஷப் தலைக்குத்தான் ஆவும்” என்றார். பிரித்தேன்.

அடுத்தது பஞ்சு. மெத்தைக் கடையில் ஷீட் பஞ்சு என்று கேட்டு வாங்க வேண்டுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? நான் நல்ல இலவம்பஞ்சாக ஒரு மூட்டை வாங்கி வந்து ஹாலில் அவிழ்த்தேன். மணியம்மாள், வேர்க்கிறதே என்று இரக்கப்பட்டு மின்விசிறியைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கே நிற்கிறாள் என்றே எனக்குத் தெரியவில்லை. சாம்பாரில் பஞ்சு, சாமி படத்தில் பஞ்சு, என் மூக்கில் பஞ்சு. அந்த நேரத்தில்தான் தாங்கள் போன் செய்தீர்கள். நான் மூக்கடைத்துப் பேசியதைக் கேட்டு, எனக்கும் சிக்குன்குனியா என்று முடிவு கட்டி, மாப்பிள்ளையிடம் கசாயம் கொடுத்தனுப்பினீர்கள். எனக்கு ஒரு வியாதியும் இல்லை. ஆனால் மாப்பிள்ளை வேளைக்கு வேளை வந்து எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் மூன்று வேளையும் குடித்தேன். அந்தக் கசப்பு நான் சொன்ன பொய்க்குச் சரியாகப் போயிற்று என்று நினைத்துக்கொள்கிறேன்.

பிறகு ஷீட் பஞ்சு வாங்கி, மேலே முக்கோண வட்டம், நடுவே பஞ்சு, கீழே வெள்ளைத் துணி என்று அடுக்கி, மூன்றையும் முந்நூற்று எண்பத்திரண்டரைக்குக் கச்சிதமாக வெட்டி, கட்டம் கட்டமாகத் தைத்தேன். தைத்து முடித்து அளந்தால் முந்நூற்று அறுபத்து நாலு. காலிப்பர் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலு தடவை அளந்தேன். இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும், அதற்குக் கணக்கு இருக்கிறது. துணி தைக்கத் தைக்கச் சுருங்கும் என்று இத்தனை வருஷத்தில் யாருமே எனக்குச் சொன்னதில்லை. மதாமிடம் ஓடினேன். “பஞ்சு வச்சித் தைச்சா உள்ள இழுக்கத்தான் செய்யும். பெருசா தைச்சிட்டு அப்புறமா அளவுக்கு வெட்டணும்” என்றார். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். “நீங்க கேக்கலியே” என்றார்.

மூன்றாவது தடவை ஒழுங்காக வந்தது. வட்டத்தைச் சுற்றிப் பட்டை தைத்து, அடியில் எலாஸ்டிக் விட வேண்டியதுதான் பாக்கி. மணியம்மாளின் தையல் மெஷின் முனகிக்கொண்டே ஓடுகிறதே என்று அதைக் கழற்றி, சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு மாட்டினேன். அது பட்டறை மெஷின் மாதிரி பறந்தது. அந்த வேகத்தில் என் கைலியின் ஒரு முனையையும் பட்டையோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். மணியம்மாள் வேறு கடைக்குப் போயிருக்கிறாள். கேஸ் சிலிண்டர் போடுகிற அம்மாவாசை வாசலில் நின்று கூப்பிடுகிறார். உட்கார்ந்த இடத்திலிருந்தே, உள்ளே வந்து வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். “இன்னா சார், எப்பவும் நீங்கதான வந்து ஒரு கை புடிப்பீங்க? உடம்பு கிடம்பு சரியில்லயா?” என்றார். என்ன சொல்வேன்? எழுந்தால் மெஷினும் கூடவே வரும், இல்லையென்றால் கைலி என்னோடு வராது. உடம்பு சரியில்லை என்றேன். அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் மூன்று பேர் ஹார்லிக்ஸோடு வந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் பொருத்திப் பார்க்க வேண்டுமே என்று நான் வேலை பார்த்த பட்டறைக்குப் போய், தங்கள் ஸ்டூல் அளவிலேயே ஒரு மரக்கட்டையைக் கடைந்து கொண்டுவந்தேன். உறையை அதன்மேல் வைத்து மெல்ல இழுத்துவிட்டேன். இறங்கியது, சம்பந்தி. ஒரு சுருக்கம் இல்லை. எட்டு முனையும் நடுவில் ஒரே புள்ளியில் வந்து நின்றது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் நான் முதன்முதலில் கடைந்த புஷ் என்கிற இரும்பு வளையம், தட்டாமல் கொட்டாமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தபோது எனக்கு எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. கத்திவிட்டேன் போலிருக்கிறது, மணியம்மாள் கரண்டியோடு ஓடிவந்தாள். பார்த்தாள். உள்ளே போய், நான் கேட்காமலே காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். ரிட்டயர்டு ஆன நாளிலிருந்து அப்படி ஒரு காப்பி நான் குடிக்கவில்லை.

உறையை முருங்கைக்கீரைக்கு அடியில் வைத்து அமுதவல்லியிடம் சேர்த்தோம். அவள் நாலு நாள் மத்தியானம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெறும் மெஷினை மிதித்து, ஐந்தாம் நாள் அதை வெளியே கொண்டுவந்தாள். இதுவரைக்கும் எல்லாம் நினைத்தபடி. இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் நினைக்காதது. சம்பந்தி அம்மாள் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம். “என் மருமவ ராப்பகலா கண்ணு முழிச்சிப் போட்டது. இதும்மேலயா நான் காலைத் தூக்கி வைப்பேன்?” என்று சொல்லி, ஸ்டூலை உறையோடு டிவிக்குப் பக்கத்தில் வைத்து, தூசு படாமல் மேலே பிளாஸ்டிக் கவர் வேறு போட்டுவிட்டார்களாம். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்களாம். உறையைக் கழற்றவும் விடுவதில்லை, எலாஸ்டிக் தளர்ந்துவிடுமாம். வேறு ஸ்டூல் வாங்கவும் விடுவதில்லை, ஒரு வீட்டில் இரண்டு எதற்கு என்கிறார்களாம். ஸ்டூல் வருவதற்கு முன் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர்கள், இப்போதும் தொங்கவிட்டே உட்காருகிறார்கள். வீக்கம் முழங்கால் பக்கமாக ஏறுகிறது. போன வாரம் டாக்டர் எல்லோரையும் நிற்க வைத்துத் திட்டினார் என்று அமுதவல்லி அழுதாள். “அப்பா, அத்த தெனம் எனக்குத் தல பின்னி உடறாங்க. எல்லாம் பொய்யின்னு தெரியாம என்னக் கொண்டாடறாங்க. எனக்குச் சோறு எறங்கலப்பா” என்றாள்.

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மதாம் சூசானும் தினம் காலையில் கேட்டிலிருந்து, “மெசியே, லெத்ர் எழுதிட்டீங்களா?” என்று கேட்கிறார். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை. ஆகவே சம்பந்தி, இந்தக் கடிதத்தை சம்பந்தி அம்மாளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அதைத் தைத்தது மகாலட்சுமி மாதிரி வந்த மருமகள் இல்லை, விரலெல்லாம் காய்த்துப்போன ஒரு லேத் ஆள் என்று சொல்லுங்கள். தாராளமாகக் காலைத் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். பொய் சொன்னது மணியம்மாள், சும்மா இருந்தது நான். குழந்தை மேல் தப்பு இல்லை. அவளைக் கோபிக்க வேண்டாம் என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் அமுதவல்லிக்கும் எங்கள் ஆசி. சம்பந்தி அம்மாளின் வலது கால் சீக்கிரம் இடது காலைப் போல ஆக வேண்டும் என்று மணக்குள விநாயகரை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் மன்னிப்புக்கும் காத்திருக்கும்,
ச. பாவாடை, டர்னர் (ஓய்வு).

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மணியம்மாள் இதை வாங்கிப் படித்தாள். “மருமவ போட்டதுன்னே காலு வைக்காதவங்க, சம்பந்தி ஒக்காந்து தைச்சதுன்னு தெரிஞ்சா வைப்பாங்களா? நேரா சாமி ரூம்புல கொண்டு போயி வச்சிடுவாங்க. அறிவு வேணாம்?” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. எனவே இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாமல் கிழித்துவிடவும். அதற்குப் பதிலாகத் தாங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். அமுதவல்லி போட்ட உறையில் தாங்கள் காப்பியைக் கொட்டிவிட்டதாகவும், பயந்துபோய் அதைத் தூர எறிந்துவிட்டு அதே மாதிரி ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டிவிட்டதாகவும், இப்போது இருப்பது வெறும் கடைச் சரக்கு என்றும் சம்பந்தி அம்மாளிடம் சொல்லிவிடுங்கள். தாங்கள் செய்திருப்பீர்கள் என்று உடனே நம்புவார்கள். கால் அன்றைக்கே ஸ்டூலுக்கு ஏறிவிடும். இரண்டு நாள் தங்களுக்குச் சோறு கிடைக்காமல் போகலாம், இங்கே வந்துவிடுங்கள். போனது போகட்டும் என்று அவர்கள் மருமகளை இன்னொன்று போடச் சொன்னால் தாங்கள் தடுக்க வேண்டாம். நீலத்தில் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று மட்டும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். துணி வாங்கிவிட்டேன்.