முதலாளி மடியில் ரோட்டர்

கொட்டகலை பஜாரில் அரிசிக்கடை வைத்திருந்த நல்லமுத்து முதலாளி, 1937ஆம் வருஷம் தை மாதத்து ஒரு புதன்கிழமை, காலைத் தேத்தண்ணிக்கும் கடை திறப்பதற்கும் இடையே வீரமான ஒரு முடிவுக்கு வந்தார். மூன்று நாள். முழுசாக மூன்று நாள். மனைவி இல்லாத ஓர் இடத்தில் போய் இருந்து பார்த்துவிடுவது!

இடம் தயார். கினிகத்தேனைக்குக் கீழே, ரோடு முடிந்து காடு தொடங்குகிற ஆற்றங்கரை. துணையும் தயார். ஹட்டனில் விறகு லொறி வைத்திருந்த செல்லசாமி. ஒரு கூடாரம், ஒரு கறிச்சட்டி, இரண்டு தூண்டில், 'இருமல் மருந்து' என்று இவர்களே பெயர் வைத்த ஒரு போத்தல். எல்லாம் செல்லசாமியின் லொறியில் சாக்குக்கு அடியில் ஏற்கெனவே போய்ப் பதுங்கிவிட்டன. சனிக்கிழமை காலையில் புறப்பாடு.

நல்லமுத்து லொறி வாங்கி ஏழு வருஷம். இந்த ஏழு வருஷத்தில் காடு, ஆறு, கூடாரம் என்று அவர் பேசாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒரு நாளாவது போய்ப் படுத்ததும் கிடையாது. அந்தப் பக்கத்து லொறிக்காரர்கள் எல்லாரும் ஞாயிறு பின்னேரம் அவர் கடைக்குப் பின்னால் உள்ள முற்றத்தில் கூடுவார்கள். ஒருவருக்கொருவர் யோசனை சொல்வார்கள். கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால் இன்னும் அதிகமாகச் சொல்வார்கள்.

"ரேடியேட்டர் ஒழுகுதா? ஒரு கை கோதும மாவப் போடு. அடச்சுக்கும்."

"பெட்ரோல் டாங்கி ஒழுகினா சவுக்காரத்தப் பிசைஞ்சு அப்பு."

"காட்டுக்குள்ள டயர் போச்சுன்னா மானாப்புல்ல அறுத்து உள்ள திணி. பத்து மைல் ஓடும்."

"கூடாரத்தச் சரிவுல போட்டா மேல்பக்கமா மழத்தண்ணி ஓட ஒரு கான் வெட்டிரணும். இல்லாட்டி நாமளும் ஆத்தோட போக வேண்டியதுதான்."

"நீங்க எப்ப அண்ணே கூடாரம் போட்டீங்க? வாயாலயே லொறி ஓட்டுறீங்க, வாயாலயே கூடாரமும் போடுறீங்க!"

இந்தக் கடைசிக் குரல் வட்டவளைத் தங்கவேலுவுடையது. அவரும் லொறிக்காரர்தான். நல்லமுத்துவுக்குத் தெரிந்த எல்லாம் தனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பது அவர் எண்ணம். தங்கவேலு சிரித்தால் நல்லமுத்துவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு பேச்சுக்கும் தேத்தண்ணி ஊற்றியது நல்லமுத்துவின் மனைவி சண்முகவடிவு. முற்றத்தைப் பார்த்த குசினி ஜன்னல். ஏழு வருஷம். வடிவுக்குக் காதும் நல்ல காது.

புதன்கிழமை பகல், சோற்றைப் போட்டுக்கொண்டே வடிவு சொன்னாள்:

"என்னாங்க, கொத்மலையில இருந்து கடுதாசி வந்திருக்கு. வர்ற ஞாயித்துக்கெழம காலையில நாகுவுக்கு வளைகாப்பு. நாம சனிக்கெழமயே போயிரணும்."

நல்லமுத்துவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

நாகலெட்சுமி வடிவின் ஒரே தங்கை. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டவள். இதற்கு முன் இரண்டு தடவை அவளுக்கு நாலாம் மாதத்தைத் தாண்டவில்லை. இந்தத் தடவைதான் ஏழாம் மாதம் வந்திருந்தது. அந்தக் கடுதாசியை வடிவு இடுப்பில் செருகிக்கொண்டே திரிந்தாள். அடுப்புக்கு விறகு தள்ளும்போதுகூட ஒரு தடவை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா இல்லாத புள்ளைங்க. மொத வளையல நாந்தான் போடணும்."

"பஸ்ஸுல போயேன்?"

"பஸ்ஸு மெயின் ரோட்டோட நிண்டுரும். அண்டா, அரிசி மூட்ட, பன்னெண்டு தட்டுச் சீரு. தலையிலயா தூக்கிட்டுப் போறது? லொறி எதுக்கு இருக்கு?"

லொறி எதற்கு இருக்கிறது என்பதை நல்லமுத்து எப்படிச் சொல்வார்? கொத்மலைக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். மச்சினி வீட்டில் மூன்று நாள் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஆறும் காடும் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். தங்கவேலு இன்னொரு வருஷம் சிரிப்பார்.

அன்று பின்னேரமே செல்லசாமியைப் பார்த்து ஒரு திட்டம் போட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம் லொறியின் போனட்டைத் திறந்தார். இஞ்சின் பக்கத்தில் ஒரு கறுப்பு மூடி இருக்கும். அதற்குள்ளே ரோட்டர் என்று ஒரு துண்டு சுற்றும். பெருவிரல் அளவுதான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதை எடுத்துவிட்டால் லொறி கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிடும். நல்லமுத்து அதைக் கழற்றி, கைலேஞ்சியில் சுற்றி, வேட்டி மடியில் வைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். முகத்தை முடிந்த அளவு தொங்கப்போட்டுக்கொண்டார்.

"வடிவு, மோசம் போயிட்டோம். லொறி படுத்துருச்சு."

"எங்க படுத்திருச்சு? நிக்கிதே."

"இஞ்சின் ஓடாதுடி."

"என்னா கோளாறு?"

"பெரிய கோளாறு. உனக்குச் சொன்னா வெளங்காது."

"பெட்ரோல் வருதாங்க?"

"வருது."

"பிளக்குல பொறி வருதா?"

நல்லமுத்து மடியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"பொறி... கொஞ்சம் வருது."

"கொஞ்சம் எப்படிங்க வரும்? வந்தா வரணும், வராட்டி வராம இருக்கணும்."

"ஏய், லொறிக்காரன் நானா நீயா?"

"நீங்கதாங்க. நான் தேத்தண்ணி ஊத்துறவ. காதுல விழுந்தத வச்சுக் கேட்டேன்."

"கண்டிக்குப் போயி ஒரு சாமான் வாங்கியாரணும். செல்லசாமி லொறியில நாளைக்குக் காலையில போறேன். வர மூணு நாளாகும்."

"மூணு நாளா? அந்தச் சாமான் கண்டியில ஒளிஞ்சுக்கிட்டா இருக்கு?"

"தேடணும்ல!"

வடிவு கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நாகுவுக்கு மொத வளையல் யாரு போடுவா?" என்று மெதுவாகக் கேட்டாள். நல்லமுத்து ஒரு நிமிஷம் மடியை அவிழ்த்துவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் ஆற்று மீன் கண்ணுக்குள் வந்து வாலை ஆட்டியது.

"அடுத்த புள்ளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அப்படிச் சொன்னதை நினைத்து நடுவழியிலேயே தன் வாயில் தானே ஓர் அறை வைத்துக்கொண்டார்.

வடிவு அழவில்லை, சண்டை போடவில்லை. தோட்டங்களுக்குத் தபால் கொண்டுபோகிறவரைக் கூப்பிட்டு, தேத்தண்ணி கொடுத்து, நாலு வார்த்தை சொல்லி அனுப்பினாள். "முதலாளி லொறி செத்துருச்சு. முதலாளிக்கே என்னான்னு தெரியல." அவ்வளவுதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

லொறி வைத்திருக்கிறவனின் சுபாவம் ஒன்று உண்டு. சொந்த மனைவிக்குக் காய்ச்சல் என்றால் "கசாயம் குடி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். அடுத்தவன் லொறிக்கு இருமல் என்றால் மழையில் அஞ்சு மைல் நடந்து வந்து பார்ப்பான்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நல்லமுத்து குளித்து, திருநீறு பூசி, செல்லசாமியின் லொறிச் சத்தத்துக்காக வாசலில் காத்திருந்தார். செல்லசாமி வரவில்லை. தோட்டத்து லொறி டிரைவர் ஒருவர் வந்தார். பிறகு பஸ்காரர் இரண்டு பேர். பிறகு பட்டறைக்காரர். ஏழரைக்கு முற்றத்தில் பதினோரு பேர் நின்றார்கள். யாரும் குசலம்கூட விசாரிக்கவில்லை. நேரே போனட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டார்கள்.

"பெட்ரோல் குழாயில அழுக்கு."

"கிழிச்ச! பிளக்கு நனைஞ்சிருக்கு. அடுப்புல வாட்டணும்."

"தள்ளி விட்டுப் பாப்பமா?"

"நாலு ரோட்டுலயும் யோசன சொல்லித் திரிஞ்ச மனுசனுக்கே தெரியலயாமே" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வட்டவளைத் தங்கவேலு! சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே முன்னால் வந்தார். "எல்லாரும் நகருங்க. பொறி வரல்லன்னா நான் எங்க பாப்பேன் தெரியுமா? இந்தக் கறுப்பு மூடிக்குள்ள."

அவர் கை மூடியை நோக்கிப் போனது. நல்லமுத்துவின் மடியில் இருந்த துண்டு திடீரென்று அரை மூட்டை கனத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே காலி. ரோட்டர் தானாக இறங்கி நடந்து போகிற சாமான் இல்லை. யார் கழற்றியது என்று பதினோரு பேரும் கேட்பார்கள். பன்னிரண்டாவதாக ஜன்னலிலிருந்து வடிவு கேட்பாள்.

"தொடாதீங்க!" என்று நல்லமுத்து அலறினார். "என் வண்டி. நானே பாக்குறேன். எனக்கு இப்பத்தான் பிடிபட்டுச்சு. எல்லாரும் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க."

"திரும்பி எதுக்கு நிக்கணும்?"

"ஆளுங்க பாத்தா எனக்குக் கை ஓடாது!"

சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். அவர் மடியை அவிழ்த்தார், மூடியைத் திறந்தார், துண்டை வைத்தார், மூடினார். ஹேண்டிலைப் போட்டு ஒரே சுற்று. லொறி உறுமிக்கொண்டு எழுந்தது.

முற்றமே ஆர்ப்பரித்தது. பட்டறைக்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தங்கவேலுவே வந்து, "ஒத்துக்கிறேன் அண்ணே, ரெண்டு நிமிசத்துல முடிச்சிட்டீங்க" என்றார். ஏழு வருஷமாக நல்லமுத்து கேட்க ஏங்கிய வார்த்தை அது. அவருக்கு மார்பு ஒரு சாண் அகன்றது. அந்த அகன்ற மார்போடு வீட்டுப் பக்கம் திரும்பினார். குசினி ஜன்னலில் ஆள் இல்லை.

வடிவு பட்டுச்சேலையில் லொறியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்டாவும் அரிசி மூட்டையும் பன்னிரண்டு தட்டுச் சீரும் பின்னால் ஏறியிருந்தன. பஸ்காரர் இரண்டு பேரும் அவற்றைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க போவோம்" என்றாள். "சூடு ஆறுறதுக்குள்ள."

லொறி தலவாக்கலையைத் தாண்டியது. பனி விலகித் தேயிலை மலையெல்லாம் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வடிவு வளையல் பெட்டியை மடியில் வைத்து, வளைவுகளில் அது குலுங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, ஆறும் மீனும் அவ்வளவு ஒன்றும் பெரிதில்லை என்று அவருக்குத் தோன்றியது. அதோடு, நல்ல வேளை, இவளுக்கு எதுவும் தெரியாது என்ற நிம்மதியும் வந்தது. நிம்மதி வந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அவ்வளவு பேரையும் யாரு வரச் சொன்னா?"

"நாந்தான்."

"எதுக்கு?"

"ஒரே ஒரு ஆளக் கூப்பிட்டிருந்தா அவரு மூடியத் தொறந்து பாத்திருப்பாரு. உங்க மானம் போயிருக்கும். பத்துப் பேரக் கூப்பிட்டா நீங்களே சரி பண்ணிருவீங்கன்னு எனக்குத் தெரியும்."

லொறி ஒரு தடவை ரோட்டோரத்துக் கானைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"உனக்கு... எப்பலேருந்து தெரியும்?"

"வியாழக்கெழமயிலேருந்து. நம்ம லொறி வெள்ளிக்கெழமதானே பழுதாச்சு? அதுக்குச் சாமான் வாங்க நீங்களும் அவரும் கண்டிக்குப் போறதா செல்லசாமி அண்ணன் வியாழக்கெழமயே அவரு சம்சாரம் பேச்சியம்மாக்கிட்டச் சொல்லிட்டாரு. அவ அன்னைக்கே கோயில்ல என்னயப் பாத்து, 'என்னாக்கா, லொறி பழுதாமே?'ன்னு கேட்டா. நான் வந்து பாத்தேன். நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு."

நல்லமுத்து செல்லசாமியை மனதுக்குள் மூன்று தலைமுறைக்கு வைதார்.

"ஏன்டி அப்பவே கேக்கல?"

"கேட்டிருந்தா நீங்க தலையத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்திருப்பீங்க. எந்தங்கச்சி வளைகாப்புக்கு அப்படி ஒரு மொகம் எதுக்கு? இப்பப் பாருங்க, ஜெயிச்ச ஆளா வர்றீங்க." வடிவு வெளியே பார்த்தபடி சொன்னாள். "அடுத்த புள்ளைக்குப் பாத்துக்கலாம்னு சொன்னீங்கல்ல, அதுதாங்க எனக்கு வலிச்சிருச்சு."

"தெரியாமச் சொல்லிட்டேன் வடிவு" என்றார் நல்லமுத்து. மெய்யாகவே சொன்னார். அடுத்த வளைவில் வளையல் பெட்டி குலுங்காதபடி வண்டியை மிக மெதுவாகத் திருப்பினார்.

கொத்மலையில் கணக்கப்பிள்ளை வீட்டு வாசலுக்கு லொறி போய்ச் சேர்ந்தபோது நாகலெட்சுமி வயிற்றைத் தாங்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு ஒரே சமயத்தில் சிரித்தார்கள், அழுதார்கள். அதைப் பார்த்து நல்லமுத்துவுக்கும் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

வாசலில் வளைகாப்புப் பந்தல் பாதி ஏறியிருந்தது. நல்ல கெட்டிக் கித்தான். எங்கேயோ பார்த்த கித்தான். பந்தலுக்குப் பக்கத்தில் ஹட்டன் விறகு லொறி. ஸ்டூல் மேல் ஏறி மாவிலை கட்டிக்கொண்டிருந்தது சாட்சாத் செல்லசாமி. கீழே பேச்சியம்மா, தோட்டத்தில் காலைப் பெரட்டு கலைத்து ஆளுக்கு ஒரு வேலை கொடுக்கிற கங்காணி மாதிரி இடுப்பில் கை வைத்து, இந்தப் பக்கம் இறக்கு, அந்தப் பக்கம் ஏற்று என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடம் போனார். வாயைத் திறப்பதற்குள் செல்லசாமி குனிந்து, அவர் காதில் சொன்னார்:

"பேசாதீங்க அண்ணே, பெரட்டு கலைஞ்சிருச்சு. மூணு நாளைக்கும் உங்களுக்குத் தேங்கா துருவுற வேல."