சம்மந்தியம்மாவை வெள்ளாற்றில் காப்பாற்றப் போனது

ஒருவர் ஆபத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் யோசிக்காமல் இறங்கிவிடுகிறவன் நான். அவர் நிஜமாகவே ஆபத்தில்தான் இருக்கிறாரா என்று விசாரிப்பதெல்லாம் படித்தவர்கள் பார்க்கிற வேலை. நான் படித்தது அஞ்சாவது, அதிலும் பாதி. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கிய கையால் தண்ணீர் மோட்டார் கடை வைத்தேன். இன்று குறிஞ்சிப்பாடி வரை என் பெயர் போட்ட போர்டு தொங்குகிறது. (சும்மா சொல்லவில்லை, வடலூர் பஸ்ஸில் போனால் இடது பக்கம் பாருங்கள்.) தண்ணீரைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று 2010 கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் என் மகள் ஸ்டெல்லாவுக்குச் சிதம்பரத்தில் ஒரு இடம் வந்தது. பையன் ஜெரால்டுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அப்பா இல்லை. அம்மா பாக்கியம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். பெண் பார்த்துவிட்டுப் போனவரிடமிருந்து சரி என்றும் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. வந்தது ஒரு அழைப்பு. ஜெரால்டும் அவர் கூட்டாளிகளும் கயாக் என்று ஒற்றை ஆள் உட்காருகிற படகு வைத்திருக்கிறார்களாம். கிறிஸ்துமஸ் லீவில் வெள்ளாற்றுக்குப் போகிறோம், நீங்களும் வாங்க, அங்கேயே சாப்பிட்டுவிட்டுப் பேசி முடிக்கலாம் என்றார்.

வண்டியில் ஸ்டெல்லா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு. நீங்க கரையில உக்காந்து பிரியாணி சாப்ட்டா போதும். வேற ஒண்ணும் செய்யாதீங்க.”

நான் என்னம்மா செய்துவிடப் போகிறேன் என்றேன். முன் சீட்டில் இருந்த என் மச்சான் அந்தோணி (என் மனைவியின் தம்பி, அவனுக்குக் கடை வைத்துக் கொடுத்ததும் நான்தான்) திரும்பாமலேயே, “மாமா, பாப்பா சொல்றத இந்த ஒரு தடவ கேட்டுருங்க” என்றான்.

கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் ஆற்றங்கரையில் ஜெரால்டே வந்து, ஓரத்துத் தண்ணியில ஒரு ரவுண்டு வர்றீங்களா மாமா என்று கேட்டார். மாப்பிள்ளையாகப் போகிறவர் வாய் திறந்து கேட்கும்போது மறுத்தால் மரியாதையா? நீச்சல் தெரியுமா என்றார். “முதுநகர்க்காரன்கிட்ட கேக்குற கேள்வியா தம்பி” என்றேன். அப்புறம் அவர் ஆற்றின் நடுவில் நடக்கிற விளையாட்டைப் பற்றி நிறைய விளக்கினார். அதில் பாதி இங்கிலீஷ். மீதிப் பாதியை நான் கவனிக்கவில்லை. தலையை மட்டும் நன்றாக ஆட்டினேன்.

வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, மிதவைச் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, கையில் துடுப்போடு அகலமான படகு ஒன்றில் உட்கார்ந்தேன். ஓரத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. நாலு தள்ளு தள்ளியதுமே, இந்தத் தொழிலையும் கற்றுக்கொண்டாயிற்று என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அப்போதுதான் நடு ஆற்றைப் பார்த்தேன். பழைய தரைப்பாலம் ஒன்று நடுவில் உடைந்திருந்தது. மழை வெள்ளம் மொத்தமும் அந்தச் சந்துக்குள் நெருக்கிக்கொண்டு பாய்ந்து, விழுந்த இடத்தில் ஒரு அலையாக எழும்பி நின்றது. கடல் அலை வரும், போகும். இது எங்கேயும் போகாமல் அதே இடத்தில் புரண்டுகொண்டிருந்தது. அதன் மேலே ஒரு படகு. அதில் பாக்கியம் டீச்சர், தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடுப்புப் போடுகிறார். படகு ஒரு அங்குலம் நகரவில்லை. வாய் ஆவென்று திறந்திருக்கிறது. கரையில் எல்லாரும் எழுந்து நின்று கத்துகிறார்கள். பக்கத்திலேயே இளவட்டங்கள் நாலு பேர் படகில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்க்கிறார்கள்.

சம்மந்தி மாட்டிக்கொண்டார் என்று முடிவு செய்தேன். (துடுப்புப் போட்டும் நகராத படகை வேறு என்னவென்று நினைப்பது, நீங்களே சொல்லுங்கள்.) இப்போது காப்பாற்றினால் அந்தம்மா வாயிலிருந்து ‘சரி’ தானாக வந்துவிடும் என்றும் ஒரு கணக்கு ஓடியது.

போனேன். ஜெரால்டு பின்னாலிருந்து ஏதோ கூப்பிட்டார், உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நீரோட்டம் என் படகைக் குறுக்கே திருப்பி, நேராகக் கொண்டுபோய் டீச்சர் படகில் மோதியது. நான் அவர் துடுப்பைப் பிடித்தேன்.

“பயப்படாதீங்க சம்மந்தி, வந்துட்டேன்.”

“விடுங்க” என்றார்.

அதிர்ச்சியில் பேசுகிறார் என்று இன்னும் பலமாகப் பிடித்து இழுத்தேன். இரண்டு படகும் கவிழ்ந்தன.

டீச்சர் படகோடு தலைகீழாக ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்துவிட்டார். நான் மிதவைச் சட்டையின் தயவில் மிதந்தேன். வேட்டி தனியாகப் பரங்கிப்பேட்டை பக்கம் போய்விட்டது. டீச்சர் வந்து தன் படகின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அரசியலில்கூட யார் வாலையும் பிடிக்காதவன் நான். பிடித்துக்கொண்டேன். இரண்டு குடும்பமும் பார்த்திருக்க, பட்டாப்பட்டி டிராயரோடு கரையேறினேன்.

ஸ்டெல்லா என்னைப் பார்க்கவில்லை. போய் வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தச் சத்தம்தான் எனக்கு ஆற்றைவிடப் பயமாக இருந்தது.

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, எதுக்குண்ணே வந்தீங்க என்று கேட்டார். நீங்க மாட்டிக்கிட்டதா நெனச்சேன் என்றேன். அலையின் மேல் நகராமல் நிற்பதுதான் அந்த விளையாட்டே என்றும், தான் வாய் திறந்திருந்தது சிரித்துக்கொண்டு என்றும் சொன்னார். நான் துண்டால் டிராயரை மறைப்பதில் கவனமாக இருந்தேன்.

அந்தோணிக்கு வாய் சும்மா இருக்காது. “டீச்சர், எங்க மாமாவுக்கு நீச்சலே தெரியாது.”

டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீச்சல் தெரியாமயா நடு ஆத்துக்கு வந்தீங்க?”

“நீங்க மாட்டிக்கிட்டிருந்தீங்களே” என்றேன் மறுபடியும்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். உட்கார்ந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

“எறங்கி வாம்மா. ஜெரால்டு, ஃபாதர்கிட்ட சர்ச்சுல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடு. தவக்காலத்துக்கு முன்னாடி கல்யாணத்த முடிச்சிடணும். இப்டி ஒரு ஆளு நம்ம பக்கம் இருக்கட்டும்.”

ஆக, அந்தக் கல்யாணத்தை முடித்தது நான்தான். யாரும் ஒத்துக்கொள்வதில்லை. அதற்குப் பதில், எங்கள் இரண்டு வீட்டிலும் ஒருவர் ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், எனக்குத் தகவல் சொல்லிவிடுகிறார்கள். போன ஈஸ்டருக்குச் சம்மந்தியம்மா எங்கள் வாசலில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் செருப்புத் தேடி அந்தப் பக்கம் போனேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “அண்ணே, நான் மாட்டிக்கல, நல்லாத்தான் இருக்கேன்” என்றார்.

எதற்கும் இருக்கட்டும் என்று, அவர் பேசி முடித்து உள்ளே போகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.