டைரக்டரைக் கொன்றது நான்தான்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு கொலை செய்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

பதற வேண்டாம். காகிதத்தில்தான். நிஜத்தில் அவளுக்குத் தெரியாமல் என்னால் ஒரு பிஸ்கட்டைக்கூடத் தின்ன முடியாது. டப்பா மூடியில் கை வைத்தாலே, முன்னறையில் தையல் மெஷின் நின்றுவிடும். "சாப்பிடற நேரம், மூடி வைங்க" என்று குரல் வரும். அப்பேர்ப்பட்டவள் கண்ணில் மண்ணைத் தூவி ஒரு முழு நாவல் எழுதி, அச்சிலும் கொண்டுவந்துவிட்டேன் என்றால் என் துணிச்சலை நீங்களே மெச்சிக்கொள்ளுங்கள்.

சினிமாப் படப்பிடிப்புக்கு விளக்கு வாடகைக்கு விடும் கம்பெனியில் எனக்கு வேலை. எந்த விளக்கு எங்கே போனது, திரும்பி வரும்போது உயிரோடு வந்ததா என்று பார்ப்பது என் பொறுப்பு. அந்த உலகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. கலைக்கு ஒரு கொம்பும் ஒரு காலும் சேர்த்தால் போதும், கொலை. அவ்வளவுதான் தூரம்.

என் கதையில் ஒரு டைரக்டர் தலையில் பெரிய விளக்கு விழுந்து செத்துப்போகிறார். ஆள் செத்தது யாருக்கும் தெரியாது. 'டைரக்டர் யோசிக்கிறார்' என்று யூனிட் முழுக்கச் சாயங்காலம் வரை மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் ஒரு பெண்மணி. எல்லோரும் முதலாளியம்மா என்பார்கள். வாயைத் திறந்தால் யூனிட்டே நடுங்கும். அவளுடைய கணவன் சாது, அறிவாளி, அழகன். ஒரு சட்டையில் பட்டன் மாற்றித் தைத்திருப்பதை வைத்துக் கொலைகாரனைக் கண்டுபிடிப்பவன் அவன்தான். அவனை யாரை மனதில் வைத்து எழுதினேன் என்பதை அடக்கம் காரணமாகச் சொல்லாமல் விடுகிறேன்.

முதலாளியம்மா யார் என்பதைப் பயம் காரணமாகச் சொல்லாமல் விடுகிறேன்.

பதிப்பாளர் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "சார், இதை ஆம்பளை எழுதினா பொம்பளைங்க சண்டைக்கு வருவாங்க. பொம்பளை எழுதினதா போட்டா சிரிப்பாங்க" என்றார். சிக்கல் தீர்ந்தது. ஒரு பெண் பெயருக்குள் ஒளிந்துகொண்டேன்.

புத்தகம் வெளிவந்த கொஞ்ச நாளில், ஆபீஸ் விட்டு வீட்டுக்குள் நுழைகிறேன். தையல் மெஷின் சும்மா இருக்கிறது. அதன்மேல் பாதி தைத்த பாவாடை. பக்கத்தில் என் மனைவி, கையில் என் புத்தகம். கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"என்னம்மா அப்படிச் சிரிப்பு?"

"நம்ம குடியிருப்பு வாசகர் வட்டத்துல இந்தத் தடவை இதான் புக்கு. இதுல ஒருத்தி வர்றா பாருங்க! புருஷன் வாயைத் திறக்கிறதுக்குள்ளேயே 'வேண்டாம்'ங்கிறா. அவன் என்ன சொல்ல வந்தான்னுகூடக் கேக்க மாட்டேங்கிறா."

"அப்படியா? அப்படியும்கூடப் பொம்பளைங்க இருப்பாங்களா?"

"ஏன் இல்லாம? எதிர்வீட்டுக்காரி இல்லையா?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணாடியைக் காட்டினாலும் எதிர்வீட்டைப் பார்க்கிறாளே என்று மனதுக்குள் குதித்தேன்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு நீங்களும் வாங்க."

"நானா? நான் எதுக்கு..."

"நாற்காலி தூக்கிப்போட ஆள் வேணும்."

போனேன். நாற்காலி தூக்கியபடியே போனேன். ஆனால் உள்ளே ஒரே குதூகலம். என்னை யாரென்று தெரியாமல் என்னையே புகழப் போகிறார்கள். நான் மூலையில் உட்கார்ந்து நைசாக ரசிக்கப் போகிறேன். எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

கீழ்த்தளத்துப் பொது அறை. நடுவில் மேஜைப்பந்து ஆடும் மேஜை. வலையைக்கூட யாரும் கழற்றவில்லை. அந்தப் பக்கம் பாதிப் பேர், இந்தப் பக்கம் பாதிப் பேர். முதல் பந்தை மாடிவீட்டுப் பல் டாக்டரம்மா அடித்தார்.

"கதை பிரமாதம். ஆனா அந்த டைரக்டருக்கு முதல்ல மேல்வரிசையில தங்கப்பல். செத்த பிறகு கீழ்வரிசைக்கு எப்படி வந்துச்சு? விளக்கு விழுந்தா பல் கொட்டும். இறங்கி வராது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கவேண்டியதாயிற்று.

அடுத்து ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. குடியிருப்பில் அவருக்கு 'லத்தி' என்று பெயர். அவர் இல்லாதபோது மட்டும்.

"இதுல வர்ற இன்ஸ்பெக்டர் கதை முழுக்க ஒரு டீகூடக் குடிக்கலை. என்னால நம்ப முடியலை. மத்தபடி அந்த முதலாளியம்மா இருக்காங்களே, அடடா! அவங்களை ஸ்டேஷன்ல உக்கார வெச்சா ஊர்ல குத்தமே நடக்காது."

"ஆமா, அவங்க வர்ற பக்கம் மட்டும் நான் திருப்பித் திருப்பிப் படிச்சேன்," என்றார் டாக்டரம்மா.

"அவங்க பேசறது ஒண்ணொண்ணும் முத்து," என்றது மேஜையின் அந்தப் பக்கம்.

என் மனைவி அடக்கமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. புத்தகத்தின் கதாநாயகன் பேச்சையே காணோமே! மெதுவாகத் தொண்டையைக் கனைத்தேன்.

"அந்தப் புருஷன் பாத்திரத்தைப் பத்தி யாரும் சொல்லலையே?"

எல்லோரும் புத்தகத்தைப் புரட்டித் தேடினார்கள்.

"எந்தப் புருஷன்?" என்றார் லத்தி.

"முதலாளியம்மாவோட புருஷன்! கொலையைக் கண்டுபிடிக்கிறவர்!"

"ஓ, அந்தச் சோப்ளாங்கியா?"

"அவனை ரெண்டாவது அத்தியாயத்துலேயே கொன்னிருக்கலாம்," என்றார் டாக்டரம்மா. "கதை இன்னும் விறுவிறுப்பாப் போயிருக்கும்."

"டைரக்டருக்குப் பதிலா அவன் தலையில விளக்கு விழுந்திருந்தா, விளக்குக்காவது ஒரு நல்ல பேர் கிடைச்சிருக்கும்," என்றார் லத்தி.

அறையே அதிர்ந்தது. என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"நிறுத்துங்க! அவர் பேசாம இருக்கிறது சோப்ளாங்கித்தனம் இல்லை, சாணக்கியத்தனம்! முதல்ல எழுதினப்போ அவர்தான் விளக்குக்குக் கீழே ஓடிவந்து டைரக்டரைக் காப்பாத்தப் பார்ப்பார். பதிப்பாளர்தான் நீளம்னு அந்த அத்தியாயத்தை வெட்டிட்டாரு!"

சிரிப்பு நின்றது. லத்தியின் மீசை மட்டும் லேசாக அசைந்தது.

"வெட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

விளக்கு வாடகைக்கு விடுகிறவனிடம் விளக்கம் இல்லை. நான்தான் எழுதினேன் என்று சொல்லலாம். சொன்னால் முதலாளியம்மா யார் என்ற அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் எனக்கு வலப்பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது.

"எழுதினவங்களை... எனக்குக் கொஞ்சம் பழக்கம்," என்றேன்.

"பழக்கமா? எழுதினது ஒரு பொம்பளை ஆச்சே!" லத்தி எழுந்தார். அறையில் இரண்டு நடை நடந்தார். பழைய உத்தியோகம் உடம்பில் ஏறிவிட்டது. "எல்லாரும் கவனிங்க. எழுதினவங்களுக்குச் சினிமா விளக்கு பத்தி அத்துப்படி. இவர் வேலை எங்கே? விளக்குக் கம்பெனியில. கதையில துப்புக் கிடைக்கிறது எதுல? பட்டன் தையல்ல. இந்தக் குடியிருப்புல தையல் தெரிஞ்சது யாருக்கு? எல்லாத்துக்கும் மேல, அப்படி ஒரு சோப்ளாங்கிப் புருஷனைப் பக்கத்துலேயே வெச்சுப் பார்த்தவங்கதான் இவ்வளவு தத்ரூபமா எழுத முடியும்." சட்டென்று திரும்பி என் மனைவியை நோக்கிக் கையை நீட்டினார். "அம்மா! ஒத்துக்குங்க. நீங்கதானே?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் என்னைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஐயையோ, கண்டுபிடிச்சிட்டீங்களே சார்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டாக்டரம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். ஆளாளுக்குப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்," என்றாள் என் மனைவி, தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டபடியே.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "உனக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஆரம்பத்துல இருந்தே."

"எப்படி?"

"நான் திட்டும்போது நீங்க திருதிருன்னு முழிப்பீங்க. திடீர்னு ஒருநாள் போனை எடுத்து டைப் பண்ண ஆரம்பிச்சீங்க. திட்டு வாங்கிக்கிட்டே டைப் பண்ற புருஷனை உலகத்துல எவளாவது பார்த்திருக்காளா? அதுகூடப் போகட்டும். ஒரு தடவை, 'கொஞ்சம் மெதுவா திட்டும்மா, கடைசி வரி விட்டுப்போச்சு'ன்னீங்களே!"

எனக்கு அது நினைவிருந்தது. நல்ல வரி அது.

"கோபம் இல்லையா உனக்கு?"

"எதுக்கு? நான் பேசினதெல்லாம் முத்துன்னு ஊரே சொல்லுது. நீங்க சொந்தமா எழுதினது ஒரே ஒரு ஆளைத்தான். அவனைத்தான் யாருக்கும் பிடிக்கலை. நியாயமாப் பார்த்தா புக்கு யாருது?"

யோசித்துப் பார்த்தேன். மறுத்துச் சொல்ல ஒரு நல்ல வாக்கியம் வேண்டும். என்னிடம் இருந்த நல்ல வாக்கியங்கள் எல்லாம் அவளுடையவை.

"வாசகர் வட்டத்துல ரெண்டாம் பாகம் கேக்கறாங்க. சரின்னுட்டேன். நாளைக்கு எழுத ஆரம்பிங்க."

"என்ன கதை?"

"முதல் அத்தியாயத்துலேயே புருஷன் காலி. வாசகர் விருப்பம். மிச்சத்தை நான் திட்டத் திட்ட எழுதிக்குங்க."

அடுத்த வாரம் ஒரு பத்திரிகையிலிருந்து நிருபர் வந்தார். இளைஞர், மரியாதையானவர். என் மனைவி கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, பேனாவைக் கன்னத்தில் ஊன்றியபடி படத்துக்கு உட்கார்ந்தாள். முதலாளியம்மா பாத்திரம் எப்படித் தோன்றியது என்று அவர் கேட்டதற்கு, "கற்பனைதாங்க" என்றாள், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நான் டீ கொண்டுவந்து வைத்தேன். அப்போதுதான் நிருபர் என்னைக் கவனித்தார்.

"சார், நீங்க அம்மாவோட நாவலைப் படிச்சீங்களா? உங்க கருத்து என்ன?"

எத்தனை நாள் காத்திருந்தேன் இந்தக் கேள்விக்கு! அந்தக் கணவன் பாத்திரத்தின் நுட்பத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"அவருக்குப் புத்தகம் படிக்கிற பழக்கமே இல்லைங்க," என்றாள் என் மனைவி, பரிவோடு.

நிருபர் என் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார். "அதனால என்ன சார், முதல்ல படம் போட்ட புக்கா எடுத்துப் பழகுங்க."