பெருங்களத்தூரில் மலாவி ஏரி எழுந்த படலம்

நீடு வாழ்க கரீம்! மேற்குத் தாம்பரத்தில் மோட்டாரும் பைப்பும் விற்கும் வணிகர் குலத் தோன்றல், பேரம் எனும் வெம்போரில் ஒருநாளும் புறமுதுகு காட்டாத புகழோன், பெருங்களத்தூர் ரயிலடிக்கு அருகே அடுக்குமாடியின் மூன்றாம் தளம் ஆளும் கோமான், அவன் சீர் பாடப் புகுந்தோம். தடையின்றி ஓடு, மின்சாரத் தாயே. நீ நின்றால் காற்றுக்குமிழ் நிற்கும், குமிழ் நின்றால் மீன் நிற்கும், மீன் நின்றால் இந்தக் கதையும் பாதியில் நின்றுபோகும். கொஞ்சம் பார்த்து நடந்துகொள்.

நாவலூரில் ஒரு கணினிக்காரர் வீட்டுக்கு மோட்டார் மாட்டப் போன இடத்தில்தான் வினை பிடித்தது. அங்கே கூடத்துக் கண்ணாடித் தொட்டியில், நீலமேனி நெடுந்துடுப்பினவும் மஞ்சள்வண்ண மறக்குலத்தனவுமாகிய ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள், மலாவி ஏரியின் பாறைப் பிளவுகளில் பிறந்த வீம்பு மாறாமல், ஆளுக்கொரு கல்லைப் பிடித்துக்கொண்டு, எல்லை தாண்டியவனை எல்லாம் விரட்டி விரட்டிக் கடிப்பதைக் கண்டான் கரீம். மோட்டாரை மறந்தான். கையிலிருந்த ஸ்பேனரையும் மறந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் அவன் நெஞ்சில் நீந்தியது அந்த நீல மீன்தான்.

ஆனால் தொட்டி வைக்கச் சுவர் வேண்டுமே. மூன்றாம் தளத்துக் கூடத்தில் தொட்டிக்கு இடம் கொடுக்கும் சுவர் ஒன்றே ஒன்று. அதில் வீற்றிருந்ததோ அவன் மனைவி நஃபீசாவின் கல்யாண ஷோகேஸ். பீங்கான் கோப்பைகளும் துபாய்ப் பூஜாடிகளும் அணிவகுத்து நிற்கும் அசையாப் பெருங்கோட்டை. கரீம் அந்தச் சுவரைக் கேட்டான். திருமணமான நாள்முதல் தனக்கென்று அவன் வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் நஃபீசா உடனே மறுக்கவில்லை. குக்கரின் மூடியைக் கையில் கேடயம்போல் ஏந்தி நின்று, அரசாணை பிறப்பித்தாள்.

"சரிங்க. ஷோகேஸ் குரோம்பேட்டைல தம்பி வீட்ல இருக்கட்டும். வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு மீன் செத்து மெதந்தாலும் தொட்டி மொட்டமாடிக்குப் போயிடும். ஷோகேஸ் திரும்ப வந்துடும்."

வீரன் ஒப்புக்கொண்டான். இரும்புத் தாங்கி வந்தது, அதன்மேல் தெர்மோகோல் படுக்கை விரிந்தது, அதன்மேல் ஆளுயர நீளக் கண்ணாடித் தொட்டி அரியணை ஏறியது. பல்லாவரத்துக் கருங்கற்களைத் தானே தேய்த்துக் கழுவி, குகையும் கணவாயும் கொத்தளமுமாக அடுக்கி, இரண்டு முறை சரிந்து விழுந்தும் சோராமல் மூன்றாம் முறை எழுப்பி நிறுத்தினான். மிச்சம் இருந்தது தண்ணீர்.

"போர் தண்ணியே ஊத்துங்களேன்" என்றாள் நஃபீசா, கடந்துபோகிற போக்கில்.

கரீமின் மீசை துடித்தது. போர்த் தண்ணீரா? ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறிவந்து பருப்பை வேகவிடாத பாவி, பக்கெட்டில் வெள்ளைப் படலம் பூசும் பாதகன், ஹீட்டர் கம்பியைச் சுண்ணாம்புக் கட்டியாக்கிய கொடியோன், அந்தக் குடியிருப்பில் பலரின் தலைமுடியைச் சீப்போடு அனுப்பிவைத்த அந்த உப்பு அரக்கனையா என் வீட்டு விருந்தாளிக்கு ஊற்றுவது? உப்புப் பிடித்துச் செத்த மோட்டார்களை அள்ளி அள்ளிப் பார்த்த கை அவன் கை. அந்தத் தண்ணீரின் குணம் அவனுக்குத் தெரியாதா?

"வூட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு நாம போர் தண்ணியா குடுப்போம்? கேன் தண்ணிதான்" என்று முழங்கினான்.

அன்று தொடங்கியது கேன் யுத்தம். லிஃப்ட் வழக்கம்போல் படுத்திருந்தது. தெரு முனையிலிருந்து மூன்றுசக்கர வண்டியில் கேன் கொண்டுவந்த துரை, இரண்டு நடை ஏறி இறங்கியதும் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா பாய், வூட்ல கல்யாணமா? இவ்ளோ தண்ணி போவுது."

"விருந்தாளிங்க வராங்க."

"எங்கேர்ந்து?"

"ஆப்பிரிக்கா."

துரை ஒரு கணம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். மீதிக் கேன்களைக் கீழேயே இறக்கிவைத்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போயே விட்டான். என்ன செய்ய, எஞ்சிய கேன்களை இடத்தோளிலும் வலத்தோளிலும் மாற்றி மாற்றிச் சுமந்து, முதல் தளத்தில் பெருமூச்செறிந்து, இரண்டாம் தளத்தில் கைப்பிடிச் சுவரைக் கட்டித் தழுவி, மூன்றாம் தளத்தில் வாசற்படியிலேயே சாய்ந்து, மறுபடி எழுந்து, மறுபடி இறங்கி, தொட்டியை நிரப்பி முடித்தான் நம் தலைவன். மறுநாள் கொளத்தூர்க் கடைக்குப் போய் மீன் வாங்கினான். புதுத் தொட்டி சீக்கிரம் பக்குவப்படட்டும் என்று கடைக்காரர் கொடுத்த பழைய ஃபில்டர் பஞ்சையும் வாங்கினான். தண்ணீரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மோட்டார் விற்பவனுக்குத் தண்ணீரைப் பற்றி இன்னொருவன் சொல்வதா? ஆக்சிஜன் அடைத்த பைகளை மடியில் ஏந்தி, எழும்பூரிலிருந்து மின்சார ரயிலில், இடித்தவரை எல்லாம் கண்ணாலேயே சுட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான்.

மீன்கள் தொட்டிக்குள் இறங்கின. இறங்கியவை அப்படியே பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டன. "புது இடம், கூச்சம்" என்றான் கரீம். மறுநாளும் கூச்சம் போகவில்லை. கடிக்க வேண்டியவை கடிக்கவில்லை, விரட்ட வேண்டியவை விரட்டவில்லை. நாவலூரில் நெஞ்சைப் பறித்த நீலம், பலமுறை துவைத்த பள்ளிச் சீருடைபோல் வெளுத்தது. துடுப்புகளை மடக்கி, மூலைக்கொன்றாய் முடங்கின. கரீம் விடுவானா? பழைய கேன் தண்ணீரில் பாதியை இறக்கிப் புதுக் கேன் தண்ணீரை ஏற்றினான். அவை இன்னும் வெளுத்தன. மறுபடி இறக்கினான், மறுபடி ஏற்றினான். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாய், உபசாரம் கூடக்கூட விருந்தாளி நலிந்தார். தன் மோட்டார் கடைக்குப் போகாமல் தொட்டி முன் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். உண்மையைச் சொன்னால் அவனுக்கு அழுகை வந்தது. ஆசைப்பட்டுக் கேட்டதைத் தன் கையாலேயே கொல்கிறோமோ என்று பயந்தான்.

விடிந்தது ஞாயிறு. மீன்கள் தேறாது என்று நஃபீசா முந்தின நாளே சொல்லிவிட்டதால், அவள் தம்பி வாஜித் படைகொண்டு வந்தான். வெறுங்கையோடு வரவில்லை, ஊரே குட்டி யானை என்றழைக்கும் அந்தச் சின்ன லாரியின் முதுகில், கயிற்றால் வரிந்து கட்டிய ஷோகேஸை ஏற்றிக்கொண்டு, வாசலில் ஹாரன் எனும் போர்முரசு அறைந்தான். அதே நேரம் தொட்டிக்குள் நீல மீன் மணலில் ஒருபக்கமாய்ச் சாய்ந்தது.

கரீம் துள்ளி எழுந்தான். செத்து மிதந்தால் சுவர் போயிற்று. சாட்சி வருவதற்குள் அதை வலையில் அள்ளிக் குளியலறைக்கு ஓடினான். கேன்கள் அத்தனையும் காலி. அங்கே இருந்ததோ காலையில் குளிக்கப் பிடித்துவைத்த ஒரு பக்கெட் போர்த் தண்ணீர். வேறு வழியில்லை. "மன்னிச்சிக்கோ" என்று முணுமுணுத்து, கண்ணை மூடிக்கொண்டு, மீனை அரக்கனின் வாயில் விட்டுக் கதவைச் சாத்தினான்.

"மச்சான், ஷோகேஸ் கீழ வந்துடுச்சு. ஒரு கை குடுங்க, லிஃப்ட் இல்ல" என்று படியிலிருந்து வாஜித் குரல் கொடுத்தான்.

தோற்ற மன்னன் வெற்றி பெற்றவனின் தேரைத் தானே இழுப்பதுபோல் கரீம் கீழே இறங்கினான். கயிறு அவிழ்த்து, கண்ணாடிக் கதவைக் கழற்றி, பூஜாடிகளைத் துணியில் சுற்றி, பெட்டியை முதல் தளம் வரை ஏற்றுவதற்குள் முற்பகல் போய்விட்டது. அங்கே மூச்சு வாங்க நின்றபோது மேலிருந்து நஃபீசாவின் குரல் வந்தது.

"என்னங்க, பக்கெட்ல ஒரு மீன் என்னைய மொறைக்குது."

கரீம் ஷோகேஸை வாஜித் தலையில் விட்டுவிட்டு, படிகளை மும்மூன்றாய்த் தாண்டி ஏறினான். பக்கெட்டுக்குள் எட்டிப்பார்த்தான். சாய்ந்து கிடந்த வீரன் நிமிர்ந்திருந்தான். மடங்கிய துடுப்புகள் கொடிகளாய் விரிந்திருந்தன. போன நீலம் முழுசாய்த் திரும்பாவிட்டாலும் நெற்றியிலும் முதுகிலும் பற்றிக்கொண்டு வந்தது. மிதந்துகொண்டிருந்த சிவப்பு பிளாஸ்டிக் மக்கைப் பகையரசனாய்க் கருதி, மோதி, பின்வாங்கி, மறுபடி மோதிக்கொண்டிருந்தான்.

கேளுங்கள் உலகத்தீரே! மலாவி ஏரித் தண்ணீர் மென்தண்ணீர் அன்று. பாறை கரைந்து உப்பேறிய கடினத் தண்ணீர். அதில் பிறந்த மீனுக்கு உப்பெல்லாம் வடிகட்டிய கேன் தண்ணீர் பத்தியக் கஞ்சி. பெருங்களத்தூர்ப் பூமிக்கடியிலிருந்து வரும் போர்த் தண்ணீரோ தாய்வீட்டுச் சாப்பாடு. கரீம் எதிரி என்று எதை வாசலில் நிறுத்தினானோ, அதுதான் அத்தனை நாளும் குழாய்க்குள் மருந்தாக நின்றிருந்தது.

"வாஜித், ஷோகேஸ அங்கயே வை. பக்கெட்ட எடு" என்று ஆணையிட்டான் கரீம்.

பகைவன் படைத்தலைவனே தோழனானான். தொட்டியிலிருந்து கேன் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, குழாயிலிருந்து போர்த் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற, கூடம் குளமாக, வாஜித்தின் பேன்ட் முழங்கால்வரை நனைய, பொழுது சாயும்போது மஞ்சள் மீன் ஆரஞ்சு மீனை விரட்டியது, ஆரஞ்சு இன்னொன்றைக் கடித்தது, தன் பாறைக்குத் திரும்பிய நீலமன்னன் மொத்தப் பேரையும் விரட்டினான். அந்தச் சண்டையைப் பார்த்துக் கரீம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

நஃபீசா தொட்டியருகே வந்து நெடுநேரம் பார்த்தாள். "நான் மொதல்லயே சொன்னேன்" என்றாள். பிறகு தம்பியைப் பார்த்து, "ஷோகேஸ உங்க வீட்டுக்கே எடுத்துட்டுப் போ. மீனுங்க அழகாத்தான் இருக்குதுங்க" என்றாள்.

சுவர் வென்றான் கரீம்! கேன் சுமந்த தோளோன், அரக்கனை அமுதமாக்கிய அறிஞன், மனைவி சொல்லைச் சற்றே தாமதமாக மந்திரமாய் ஏற்ற மாண்பன், ஜி.எஸ்.டி. சாலையின் லாரிகள் எல்லாம் ஒருசேர ஒலியெழுப்பி வாழ்த்த, நீலமும் மஞ்சளும் கண்ணாடிக்குள் கொடியேற்ற, மூன்றாம் தளத்து அரியணையில் ஈர லுங்கியோடு வீற்றிருந்தான்.

வீட்டில் ஒரு கேன் தண்ணீர்கூட மிச்சமில்லாததால் வாஜித்துக்குப் போர்த் தண்ணீரில் டீ போட்டார்கள், பால் திரிந்துவிட்டது.