மூட்டையின் கையில் கத்தி

எந்த முடிவையும் முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளாத மனிதர் என்று உலகத்தில் ஒருவர் இருந்தால், அவர் எங்கள் அப்பீல் சார்தான். தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு பிரம்மச்சாரிகள் மேன்ஷனில் நான் தங்கியிருந்தபோது, அவர் எனக்கு எதிர் அறை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. நந்தனத்தில் ஏதோ அரசாங்க அலுவலகத்தில், வருகிற மனுக்களுக்குப் பதில் எழுதும் வேலை. அதற்குப் பழிவாங்கவோ என்னவோ, சாயங்காலமானால் அவரே ஊருக்கெல்லாம் மனுக் கொடுப்பார். மெஸ்ஸில் சட்னி நீர்த்துப்போனால் அப்பீல். கண்டக்டர் ஸ்டாப்பிங் தாண்டி இறக்கிவிட்டால் அப்பீல். கிரிக்கெட்டில் அம்பயர் விரலைத் தூக்கிய பிறகும், "நான் ஒத்துக்கலை" என்று டி.வி. முன்னால் எழுந்து நிற்பார். அடுத்த ஆட்டக்காரர் வந்து இரண்டு ஓவர் ஆடும்வரை எங்கள் யாருக்கும் திரை தெரியாது.

மேன்ஷனுக்குக் கேபிள் வந்தபோது, கூடவே எனக்குச் சனியும் வந்தது. மாலை ஆறு மணிக்கு ஒரு ஜப்பான் கார்ட்டூன் போடுவார்கள். இந்தியில் பேசும். அப்பீல் சாருக்கு இந்தி தெரியாது. எனக்கு, அம்மா அடித்து எழுதவைத்த இரண்டு பரீட்சைகளின் புண்ணியத்தில், 'ராமன் பழம் தின்றான்' அளவுக்குத் தெரியும். இதை வாய் தவறி அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து ஆபீஸ் விட்டு வந்தால் முகம் கழுவக்கூட விடமாட்டார்.

"ஆறு ஆகப்போவுதுப்பா. வா, வந்து அர்த்தம் சொல்லு."

கதை இதுதான். முள் முள்ளாக முடி வைத்த ஒல்லிப் பையன் ஒருவன், காணாமல்போன அப்பாவைத் தேடிக் கத்தியும் கையுமாக ஊர் ஊராகப் போவான். பின்னாலேயே மூட்டையைச் சுமந்துகொண்டு ஒரு குண்டு நண்பன். அவன் பேர் எங்கள் வாயில் நுழையாததால் அவனையே மூட்டை என்றோம். சண்டை உச்சத்தில் இருக்கும்போது மூட்டை மரத்தடியில் உட்கார்ந்து கொழுக்கட்டை மாதிரி எதையோ தின்பான். எதிரி பக்கத்தில் வந்தால் அவனுக்கும் ஒன்று நீட்டுவான். டி.வி. அறையே சிரிக்கும். அப்பீல் சார் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான்.

மூன்று மாதம் இப்படிப் போனது. ஒரு திங்கட்கிழமை இரண்டாம் பாகம் ஆரம்பித்தது. ஒல்லிப் பையன் கப்பல் ஏறிப் போய்விட்டான். கத்தி மூட்டையின் கையில். உடம்பு இளைத்து, தலையைப் படிய வாரி, மலை உச்சியில் நின்று நியாயம் பேசினான். கொழுக்கட்டையைக் காணோம்.

"என்ன சொல்றான்?" என்றார் அப்பீல் சார்.

"இனிமே ஊரைக் காப்பாத்துறது தன்னோட பொறுப்பாம் சார்."

"தப்பாச் சொல்றே. சரியாக் கேளு."

கேட்டேன். மூட்டை மறுபடியும் அதையேதான் சொன்னான்.

"உனக்கு இந்தி தெரியாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மூன்று மாதம் முகம் கழுவாமல் உழைத்ததற்கு எனக்குக் கிடைத்த சர்டிபிகேட்.

மறுநாள், ஒயர் பார்க்க மாடிக்கு வந்த கேபிள்காரர் தாஸைப் படிக்கட்டிலேயே மறித்தார்.

"தாஸ், பழைய பையன் எங்கே?"

"எந்தப் பையன் சார்?"

"கத்தி வச்சிருந்தவன்."

தாஸ் அரண்டுபோய் என்னைப் பார்த்தார். நான் விஷயத்தை விளக்கினேன்.

"இன்னா சார் நீ, நானா படம் வரையறேன்? டிஷ்ல இன்னா வருதோ அத்த வுட்டுக்கினு கீறேன்."

"அப்ப மேலிடத்துக்குச் சொல்லு."

"மேலிடம் ஆகாசத்துல கீது சார்" என்று தாஸ் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்.

அப்புறம் என்ன, சேனலுக்கு மனு. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். கையால் நகல் எழுதும் பொறுப்பு என்னுடையது. மூன்றாம் பக்கத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன் சார், உங்களுக்குப் பிடிச்சதே மூட்டையைத்தானே? அவன் முன்னுக்கு வந்தா சந்தோஷப்படக் கூடாதா?"

பேனாவை மூடி வைத்தார்.

"வரட்டும்ப்பா, யாரு வேணாம்னா? ஆனா அவனை ஏன் பிடிச்சுது? ஊரே வெட்டிக்கிட்டு சாகுறப்போ, அவன் ஒருத்தன்தான் சாப்டியான்னு கேட்டான். இப்ப அவனும் வெட்டப் போயிட்டான். இனிமே கேக்க யாரு இருக்கா? ஒருத்தனைத் தூக்கிவிடறேன்னு ரெண்டு பேரையும் தொலைச்சுட்டாங்க."

நான் நான்காம் பக்கத்தை எழுதினேன்.

பதில் வரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கார்ட்டூனை விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் தினமும் வந்து, கல்லாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, சாப்பிடாமல் படுக்கப் போனார். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை.

"சார், ஒல்லிப் பையன்கிட்டேருந்து கடுதாசி வந்திருக்காம்" என்று அளந்துவிட்டேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கே இருக்கானாம்?"

"ஒரு தீவுல."

அன்றைக்கு மெஸ்ஸில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டார். நான் மாட்டிக்கொண்டேன். திரையில் மூட்டை அரக்கனோடு மோதிக்கொண்டிருப்பான். அவன் நண்பனுக்குப் பலகாரம் செய்து தீவுக்கு அனுப்புகிறான் என்று நான் மொழிபெயர்ப்பேன்.

"மூஞ்சி ஏன் இவ்ளோ கோவமா இருக்கு?"

"உப்புக் கம்மியாம் சார்."

ஆறு வாரம் ஓட்டினேன். அப்புறம் எங்கள் மேன்ஷனுக்கு ஒரு நாக்பூர்காரர் வந்து சேர்ந்தார். பேங்க் ஆபீசர், தமிழும் நன்றாகப் பேசுவார். ஒருநாள் பத்து நிமிஷம் எங்கள் பின்னால் நின்று பார்த்தார்.

"நீங்க சொல்ற மாதிரி எதுவுமே அதுல வரலையே" என்றார் என்னிடம், ரொம்ப மரியாதையாக. "தீவுன்னு ஒரு வார்த்தைகூட இல்லை."

அப்பீல் சார் என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார். வாழ்க்கையில் அவர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட முதல் தீர்ப்பு எனக்கு எதிரானதாக இருந்தது.

எட்டு நாள் பேசவில்லை. ஆறு மணிக்கு நான் நிதானமாக முகம் கழுவினேன். வேறு வேலையில்லாமல் இன்னொரு தடவையும் கழுவினேன்.

ஒன்பதாம் நாள் கதவு தட்டப்பட்டது. அப்பீல் சார், கையில் எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலம். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் தள்ளினார்.

"டி.வி.யை விடு. தீவுல அவனுக்குக் காய்ச்சல்னு நிறுத்தினியே, இப்ப எப்படி இருக்கான்?"

கல்யாணமாகி அந்த மேன்ஷனைக் காலி செய்யும்வரை, ஒன்றரை வருஷம் அந்தப் பையனைத் தீவு தீவாக அலையவிட்டேன். ஊர் திரும்ப மட்டும் விடவில்லை. திரும்பிவிட்டால், ஆறு மணிக்கு அவர் என் கதவைத் தட்டமாட்டாரே.